லைவில் போகாத மை

சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்த போனுக்கு முன்னால், புருஷனின் வெள்ளைச் சட்டையில் அவளே பேனாவால் கோடு கிழித்து, அவளே தான் விற்கும் கம்பெனியின் கறை நீக்கும் திரவத்தை ஊற்றித் தேய்த்தாள். லைவில் பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மை போகவில்லை. இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். கோடு பரவி ஒரு கை அகலத்துக்கு நீலமாகிவிட்டது.

வேறு யாராக இருந்தாலும் போனை அணைத்துவிட்டு ஓடியிருப்பார்கள். இவளோ ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் நின்றவள். கறையைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க அவளால் ஆகாது. ஜன்னலோரம் இருந்த சானிடைசரை எடுத்து, அடியில் பழைய துணியை வைத்து, ஒத்தி ஒத்தியே மையை எடுத்துவிட்டாள். சட்டை பளிச்சென்று ஆனது.

"மைக்கு நம்ம திரவம் வேண்டாங்க. வீட்ல இருக்கிற இதுவே போதும்" என்று பன்னிரண்டு பேருக்கும் சொன்னாள். விற்க வந்தவள் வாயிலிருந்து இப்படி ஓர் உண்மையை நீங்கள் எங்கே கேட்டிருக்கிறீர்கள்?

அடுத்த நிமிஷமே போன் அலறியது. அவளை இந்தத் தொழிலில் சேர்த்துவிட்டவள், ஆள் சேர்த்துச் சேர்த்தே கம்பெனியில் 'டைமண்ட்' பட்டம் வாங்கிய மேடம்.

"சிஸ்டர்! நம்ம சரக்கை நாமளே வேண்டாம்னு சொல்லலாமா?"

"கறை போகணுமே மேடம்."

"கறை போகட்டும் சிஸ்டர், ஆள் வரணுமே!"

ஆள் வந்துதான் ஆகவேண்டும். ஓட்டலை மூடியதிலிருந்து மகள் ஒரே பிடியாக நின்றாள். "தொழிலாவது ஒண்ணாவது! தினமும் என் வீட்டுக்கு வந்து புள்ளையப் பாத்துக்கம்மா." பேரன் என்றால் அவளுக்கு உயிர். ஆனால் தனக்கென்று ஒரு வேலை இல்லாமல் இருக்க அவளுக்கு மனசில்லை. "இந்த மாசக் கடைசிக்குள்ள அஞ்சு பேரைச் சேத்துக் காட்டுறேன். முடியலைன்னா ஒண்ணாம் தேதி காலையில உன் வீட்டு வாசல்ல நிக்கிறேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

மேடம் ஒரு வழி சொன்னாள். "நாம ஆளைத் தேடக்கூடாது, ஆள் நம்மைத் தேடணும். 'உங்க வீட்டுக் கறை எது? நம்பர் போடுங்க, வழி சொல்றேன்'னு ஒரு போஸ்ட் போடுங்க. நம்பர் போடுற ஒவ்வொருத்தரும் ஒரு லீடு, நாளைக்கு நம்மகிட்ட சேரப்போற ஆள். கறையை ஒரு நிமிஷம் பேசுங்க, தொழிலை ஒன்பது நிமிஷம் பேசுங்க."

இரண்டே நாளில் இருநூற்றுப் பதினான்கு நம்பர்! ஒன்றுவிடாமல் அத்தனைக்கும் பேசினாள் மகராசி. கறையை ஒன்பது நிமிஷம் பேசினாள். பத்தாவது நிமிஷம் "ஒரு நல்ல தொழில் இருக்குங்க" என்று ஆரம்பித்தால், இருநூற்றுப் பதினான்கு வீட்டிலும் சொல்லிவைத்த மாதிரி யாரோ கதவைத் தட்டினார்கள்.

"பேசாம வீடியோ போடுங்க, ஆள் குவியும்" என்றாள் மேடம்.

கறைக்கு ஒரு வீடியோ என்று போட்டாள். வழி வீடியோவிலேயே தெரிந்துவிட்டதால், அதுவரை நம்பர் போட்டுக்கொண்டிருந்தவர்களும் நிறுத்திவிட்டார்கள். வீட்டில் சட்டையும் தீர்ந்துகொண்டு வந்தது.

"இந்தாம்மா, நாளைக்கு நான் பஸ் ஓட்டணும். தார் பூசாத சட்டை ஒண்ணாவது மிச்சம் வை" என்றார் புருஷன்.

சொன்னாரே தவிர, மறுநாள் டிப்போவிலிருந்து அவரே ஒரு பொட்டலத்தில் கிரீஸ் கொண்டுவந்து நீட்டினார். "இது லேசுல போகாது. இதையும் ஒரு கை பாரு."

எல்லாரும் போனாலும் ஒருத்தர் மட்டும் விடாமல் தினமும் கூப்பிட்டார். போனில் 'கறைக்காரர்' என்றே பதிந்துவைத்தாள்.

"அம்மா, மேசை விரிப்புல துரு."

"எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டு வெயில்ல காயவைங்க சார்."

"திரைச்சீலையில மெழுகு."

"மேல காகிதத்தை வச்சு இஸ்திரி போடுங்க."

"கராத்தே உடுப்புல ரத்தம்."

"பச்சத் தண்ணி. சுடுதண்ணி பட்டா அவ்வளவுதான். ஏன் சார், உங்க வீட்ல எத்தனை பேரு?"

"நிறைய பேரும்மா" என்று பெருமூச்சு விட்டார்.

"எங்க தொழில்ல சேருங்களேன்."

"மாசக் கடைசியில நேர்லயே வந்து சொல்றேம்மா."

"சூடான லீடு சிஸ்டர், விட்டுடாதீங்க!" என்று துள்ளினாள் மேடம்.

மாசக் கடைசியும் வந்தது. சேர்ந்தவர்கள் கணக்கு பூஜ்யம். சோபாவின் ஒரு முனையில் மகள், மறுமுனையில் மேடம். நடுவில் அவள், கிரீஸ் போன சட்டையை மடியில் வைத்து மடித்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியதை யாருக்கும் காட்டவில்லை.

"நாளைக்கு எட்டு மணிக்கே வந்துடும்மா" என்றாள் மகள், கொஞ்சம் இறங்கிய குரலில்.

அழைப்பு மணி அடித்தது. வாசலில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு மெலிந்த மனிதர்.

"நான்தாம்மா, துரு, மெழுகு, ரத்தம்" என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, ஒரு காகிதத்தை நீட்டினார்.

"சேர்ற ஃபாரம்! நான் சொல்லல?" மேடம் பாய்ந்து பிடுங்கினாள். படிக்கப் படிக்க அவள் குரல் தேய்ந்தது. "சிஸ்டர்... இது வேலை உத்தரவு. உங்க பேருக்குத்தான். நம்ம தலைமை ஆபீஸ்லேர்ந்து. வீட்லேர்ந்தே போன்ல பேசினா போதுமாம், மாசச் சம்பளமாம்."

சட்டை அவள் மடியிலிருந்து நழுவியது.

"எங்கம்மாவ உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் மகள்.

"அன்னைக்கு லைவ்ல அந்த மை போகாதப்போ பாத்துக்கிட்டிருந்த பன்னிரண்டு பேர்ல நானும் ஒருத்தன்மா" என்றவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "தலைமை ஆபீஸ்ல புகாருக்குப் பதில் எழுதுறது என் வேலை, இன்னையோட நான் ரிட்டயர். நம்ம திரவத்துல கறை போகலைன்னு கம்பெனிக்கு வந்த புகாருக்கெல்லாம் இந்த ஒரு மாசமா பதில் சொன்னது உங்கம்மாதான், நான் தபால்தலை ஒட்டினதோட சரி!"