இருபதுக்கு ஒன்று போட்ட மச்சானுக்கு

விலா நோவா தெ காயா,
ஜூன் 9, திங்கட்கிழமை.

நல்லவன் என்று நேற்று மாலை வரை நான் நம்பியிருந்த மச்சான் பல்தசாருக்கு, உன் அக்கா எர்மெலிண்டாவின் கணவன் ஒலிம்பியோ எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காவும் அவளுடைய முழங்கால் வலியும் சௌக்கியம். லக்சம்பர்கில் நீயும் உன் மனைவியும் நீ ஓட்டுகிற பேருந்தும் சௌக்கியமாக இருக்க ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன். மரியாதை இத்துடன் முடிந்தது. இனி விஷயம்.

ஒன்று! இருபதுக்கு ஒன்று! நேற்று நீயே போன் பண்ணி, "அத்தான், நம்ம கேள்விக்கு ஒண்ணு போட்டுட்டேன், மனசு நெறஞ்சு போட்டேன்" என்று சொன்னாயே, அப்போது நான் மத்தி மீன் சுட்டுக்கொண்டிருந்தேன். அந்த அதிர்ச்சியில் ஆறு மீன் கரியாகிவிட்டது, நான் பதில் பேசாமல் போனை வைத்துவிட்டேன். முப்பத்தாறு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். வெறும் தாளில் தன் பெயரை மட்டும் ஒழுங்காக எழுதிக் கொடுத்த மண்டுவுக்கும் இருபதுக்கு இரண்டு போட்டிருக்கிறேன், பெயராவது தெரிந்திருக்கிறதே என்று. உன் கூடப் பிறந்த அக்காவின் மானம் சம்பந்தப்பட்ட கேள்விக்கு நீ ஒன்று போட்டிருக்கிறாய். அதையும் மனசு நிறைந்து போட்டாயாம். நன்றாக இரு.

கதை உனக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் கோபம் வந்தால் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு ஆறும். உன் அக்கா பதினாறு வயதில் ஹாத்தர்லி ஒயின் கம்பெனியின் ருசிபார்க்கும் அறையில் கிளாஸ் கழுவப் போனாள். கழுவுவதற்கு முன்னால் ஒவ்வொரு கிளாஸையும் மோந்து பார்ப்பது அவள் வழக்கம், அடியில் ஒட்டியிருக்கிற ஒரு சொட்டை வைத்தே இது எந்தத் தோட்டம், எந்தப் பீப்பாய் என்று சொல்லிவிடுவாள். 1985ஆம் வருஷத்து அறுவடையில் எந்தெந்தப் பீப்பாய்களைக் கலந்து, அந்த வருஷத்தின் பேரிலேயே விற்கிற உயர்ந்த ஒயினை, அதாவது வின்டேஜ், போடுவது என்று முடிவு செய்ய வேண்டிய நேரத்தில், அது எண்பத்தேழு ஜனவரி, அப்போதைய முதலாளி லயனல் ஹாத்தர்லி துரைக்கு ஜலதோஷம் பிடித்து மூக்கு அடைத்துக்கொண்டது. மூன்று வாரம் அந்த மூக்கு கைக்குட்டையை விட்டு வெளியே வரவில்லை. நாற்பத்து மூன்று மாதிரிகளையும் மோந்து பார்த்து, இது வேண்டாம், இது நிறைய, இது கடைசியில் கொஞ்சம் என்று எடுத்து வைத்தவள் உன் அக்கா. துரை எழுதிக்கொண்டார். கீழே கையெழுத்தும் அவரே போட்டார். அந்த ஒயினை இன்றைக்கும் உலகம் பூராவும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். துரையின் எண்ணெய்ச் சித்திரம், கிளாஸை மூக்கில் வைத்தபடி, விருந்துக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அதற்குக் கீழே நின்று சுற்றுலாக்காரர்கள் படம் பிடிக்கிறார்கள். உன் அக்கா வேலையை விட்டு வந்தபோது கம்பெனி பேர் போட்ட ஒரு குடை கொடுத்தார்கள். பாலத்து மேல் அடித்த முதல் காற்றிலேயே அது மல்லாந்துவிட்டது. எங்கள் அடுப்படி ஜன்னலைத் திறந்தால் எதிர்க்கூரையில் ஹாத்தர்லி என்று ஆள் உயர எழுத்து. தினமும் அந்த முகத்தில் விழித்துத்தான் நான் காபி குடிக்கிறேன்.

கம்பெனிக்கு ஒன்பது கடிதம் எழுதினேன். ஒன்பதுக்கும் வண்ணப் படம் போட்ட விளம்பரப் புத்தகம் வந்தது. பிறகுதான் இணையத்தில் நம் ஊர்ப் போர்ட் ஒயினுக்கென்றே இருக்கிற இந்தப் போர்ட் பிரியர்கள் மன்றத்தைக் கண்டுபிடித்தேன். மாதா மாதம் அங்கத்தினர்கள் ஆளுக்கொரு கேள்வி எழுதுவார்கள். தலைவர் டெஸ்மண்ட், நாரிச் என்கிற இங்கிலீஷ் ஊரில் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், அதில் இருபதைப் பொறுக்கி எடுப்பார். எல்லாரும் ஒன்றிலிருந்து இருபது வரை எண் போட்டு அனுப்ப வேண்டும். ஜெயித்த கேள்வி ஆறு கம்பெனிகளுக்குப் போகும். உலகத்தில் போர்ட் வாங்குகிற அத்தனை பேரும் அதைப் படிப்பதால் எந்தக் கம்பெனியும் பதில் சொல்லாமல் நழுவ முடியாது. இதை விட்டால் நமக்கு வேறு வழி இல்லை என்று சேர்ந்தேன். நான்கு வருஷம், மாதம் தவறாமல் ஒரே கேள்வி: "1985 வின்டேஜைத் தேர்ந்தெடுத்தது யாருடைய மூக்கு? பெயரைச் சொல்லுங்கள்." இதில் என்ன குற்றம் இருக்கிறது? ஆனால் ஜெயித்த கேள்விகளைக் கேள். பழைய போர்ட்டோடு எந்தப் பாலாடைக்கட்டி சேரும். திராட்சை மிதிக்கும்போது என்ன பாட்டுப் பாடுவீர்கள். உங்கள் நாய்க்கு என்ன பெயர். டென்மார்க்கில் மோகன்ஸ் என்று ஒரு பல் டாக்டர், அந்த மனிதருக்குத் தக்கையைத் தவிர உலகத்தில் ஒன்றும் கிடையாது. தக்கை நனைந்தால் என்ன, காய்ந்தால் என்ன, உடைந்தால் என்ன. பல் பிடுங்குகிற புத்தி எங்கே போகும்! நான் வாழ்நாளில் ஒரு மாணவனுக்கும் இருபதுக்கு இருபது போட்டதில்லை, பள்ளிக்கூடத்தில் என்னைக் கசப்பு மருந்து என்றே கூப்பிடுவார்கள். உன் அக்காவின் கேள்விக்கு மட்டும் மாதா மாதம் இருபது போட்டேன். பாலாடைக்கட்டிக்கு ஒன்று போட்டேன். ஒரே எண்ணை இரண்டு கேள்விக்குப் போடக்கூடாது என்று டெஸ்மண்ட் ஒரு விதி வைத்திருக்கிறாராம். ஒரு வகுப்பில் இரண்டு பேர் ஒரே மார்க் வாங்கவே மாட்டார்களா? அந்த விதிப் பக்கத்தை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. மார்க் போட எனக்குச் சொல்லித்தர ஒரு வங்கிக்காரரா?

போன வருஷம் பார்த்தேன், இவர்கள் பாலாடைக்கட்டிக்குத்தான் மயங்குகிறார்கள், சரி, அதற்குள் ஒளித்து அனுப்புவோம் என்று, "1985 வின்டேஜைத் தேர்ந்தெடுத்த பெண்மணிக்கு எந்தப் பாலாடைக்கட்டியைப் பரிசாகக் கொடுக்கலாம், அவர் பெயர் என்ன?" என்று எழுதினேன். இருபதில் அதையும் சேர்த்துக்கொண்டார்கள் என்று தெரிந்த சந்தோஷத்தில் நான் ஓட்டுப் போடவே மறந்து போனேன். ஜெயித்துவிட்டது! உன் அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து, இந்தா இப்போது வரப்போகிறது உன் பேர் என்றேன். கேள்வி நீளமாக இருக்கிறது என்று டெஸ்மண்ட் அதைச் சுருக்கி, "1985 வின்டேஜுக்கு எந்தப் பாலாடைக்கட்டி?" என்று அனுப்பியிருக்கிறார். ஹாத்தர்லி கம்பெனி ஒரே வார்த்தையில் பதில் போட்டது: ஸ்டில்டன். உன் அக்கா எழுந்து போய்க் காய் நறுக்க ஆரம்பித்துவிட்டாள். "எனக்கு அந்தக் கட்டியோட வாடையே ஆகாது" என்றாள், அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்தது, பல்தசார். சொல்ல வெட்கமில்லை.

இப்போது இந்த மாதக் கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் இதுதான் கடைசி வாய்ப்பு. வருகிற 21ஆம் தேதி சனிக்கிழமை, அந்த ஒயினுக்கு நாற்பது வயது என்று ஹாத்தர்லி கூடத்திலேயே விருந்து. மன்றத்துக்காரர்கள் எல்லாரும் இங்கே நம் காயாவுக்கு வருகிறார்கள். ஜெயித்த ஒரே ஒரு கேள்வியை டெஸ்மண்ட் எழுந்து நின்று கம்பெனி முதலாளியிடம் நேருக்கு நேர் கேட்பார். அந்தச் சித்திரத்துக்குக் கீழே, எல்லார் காதும் கேட்க! உன் அக்காவுக்கு எழுபத்தொரு வயது. ஐம்பதுக்கு இன்னொரு விருந்து வைப்பார்கள், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க முடியுமா? நான் சும்மா இருக்கவில்லை. முடிதிருத்தும் ஜாசிந்தோ, மருந்துக்கடைக்கார அம்மாள், மாடி வீட்டு டிராம் ஓட்டுநர் மூன்று பேரையும் மன்றத்தில் சேர்த்து, பக்கத்தில் உட்கார்ந்து, நம்முடையதற்கு இருபது, போட்டியாக இருந்த கேள்விக்கு ஒன்று என்று ஓட்டுப் போட வைத்தேன். ஜாசிந்தோவுக்காக எனக்கு வேண்டாத இரண்டு முடிவெட்டு வெட்டிக்கொண்டேன், இப்போது தலையில் ஒன்றும் மிச்சமில்லை. உன்னையும் லக்சம்பர்கிலிருந்து சேரச் சொன்னேன். சொந்தக்காரன், உனக்கு எண்ணெல்லாம் சொல்லித்தர வேண்டுமா என்று விட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

முடிவு சனிக்கிழமை வந்தது. நம் கேள்விக்கு இரண்டாம் இடம், பதினோரு புள்ளியில் தோல்வி. ஜெயித்தது எது தெரியுமா? பீப்பாயில் கிடந்த பழைய போர்ட்டைக் குளிரவைத்துக் குடிக்கலாமா, கூடாதா! கூடவே டெஸ்மண்டிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு கடிதம்: எங்களுக்கெல்லாம் உங்கள் கேள்வி மிகவும் பிடித்திருந்தது, காயாவிலிருந்து வந்த ஓட்டுகள்தான் அதைக் கவிழ்த்துவிட்டன, காரணம் கேட்பது நாகரிகமல்ல என்பதால் கேட்கவில்லை, வருந்துகிறேன் என்று. இங்கிலீஷ்காரன் நக்கலைப் பார்த்தாயா! காயாக்காரன் எவன் எனக்கு எதிராகப் போட்டான்? ஹாத்தர்லி கம்பெனி ஆள் வைத்துவிட்டது என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. காபிக்கடைக்காரன் மேல்தான் சந்தேகம், அவன் மருமகன் அங்கே லாரி ஓட்டுகிறான். இரண்டு நாளாக அந்தக் கடைப் பக்கம் போகவில்லை, வீட்டுக் காபியைக் குடித்து வயிறு கெட்டதுதான் மிச்சம். அந்தப் பதினோரு புள்ளியை யோசித்து யோசித்து மாய்ந்துகொண்டிருந்தபோதுதான் நீ போன் பண்ணினாய். ஒன்று போட்டாயாம். நீ ஒருத்தன் இருபது போட்டிருந்தால் பத்தொன்பது புள்ளி ஏறியிருக்கும், நாம் ஜெயித்திருப்போம். கணக்கு வாத்தியாரிடம் கணக்கை மறைக்க முடியாது, மச்சான்.

உன் அக்காவிடம் சொன்னேன், உன் தம்பியே உன்னைக் கவிழ்த்துவிட்டான் என்று. அவள் நம்பவில்லை. விருந்துக்கும் வர மாட்டேன் என்கிறாள். "அந்தத் துரை படத்துக்குக் கீழ உக்காந்தா எனக்குச் சோறு எறங்காது. நீங்களே போய்க் குளுந்ததா சூடான்னு கேட்டுட்டு வாங்க" என்கிறாள். நாற்பது வருஷமாக அவள் வாயைத் திறக்கவில்லை. தான் சொன்னால் தம்பட்டம், அவர்கள் சொன்னால்தான் மரியாதை என்பது அவள் கட்சி. அந்த மரியாதையைத்தான் நீ விற்றுவிட்டாய்.

ஆகவே இந்தக் கிறிஸ்துமஸுக்கு நீ இங்கே வர வேண்டாம், உனக்காகக் கருவாடு ஊறப்போட மாட்டோம். என் ஈமச்சடங்குக்கு வேண்டுமானால் வா, பின்வரிசையில் நில். உன் மனைவிக்கு என் அன்பு, அவள் நல்ல பெண். உன் குழந்தைகளுக்கு ஆசீர்வாதம், அவர்களாவது கணக்கில் தேறட்டும். ஆண்டவர் உன்னையும், உன் பேருந்தில் உன்னை நம்பி ஏறுகிறவர்களையும் காப்பாராக.

மனம் நொந்த,
ஒலிம்பியோ

பின்குறிப்பு: மேலே எழுதியதை அனுப்புவதற்கு முன் உன் அக்கா வாங்கிப் படித்தாள். படித்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். நான்காம் வகுப்போடு நின்றவள், நான் நான்கு வருஷமாகத் திறக்காத விதிப் பக்கத்தைத் திறந்து முதல் வரியை எனக்கு வாசித்துக் காட்டினாள். மிகவும் பிடித்த கேள்விக்கு ஒன்று என்று போட வேண்டுமாம், அடுத்ததற்கு இரண்டு, பிடிக்கவே பிடிக்காததற்கு இருபது. குறைந்த கூட்டுத்தொகைதான் ஜெயிக்குமாம். இது மார்க் இல்லை மச்சான், வரிசை. நீ போட்ட ஒன்று முதலிடம். இருபது போட்டுக் கவிழ்த்த காயாக்காரர்கள் நாலு பேர், நானும் நான் உட்கார்த்திவைத்து ஓட்டுப் போட வைத்த மூன்று பேரும். நாங்கள் சும்மா வீட்டில் கிடந்திருந்தாலே ஜெயித்திருப்போம். நான் ஓட்டுப் போட மறந்த ஒரே மாதம்தான் ஜெயித்தும் இருக்கிறேன். "துரைக்கு மூணு வாரந்தான் மூக்கு அடைச்சிருந்துச்சு. உங்களுக்கு நாலு வருஷமா கண்ணு அடைச்சிருந்துச்சா?" என்று கேட்டாள்.

டெஸ்மண்ட் அனுப்பிய முழுப் பட்டியலையும் நான் பிரிக்காமல் வைத்திருந்தேன், தோற்றவனுக்குப் பட்டியல் எதற்கு என்று. அதையும் அவள்தான் பிரித்தாள். முன்பின் தெரியாத பதினான்கு பேர் அவள் கேள்விக்கு முதலிடம் கொடுத்திருக்கிறார்கள். டெஸ்மண்டும் அதில் ஒருவர். அந்தப் பல் டாக்டர் தன் தக்கையை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிட்டு இவளுக்கு ஒன்று போட்டிருக்கிறார். "பல் டாக்டருமா?" என்று உன் அக்கா இரண்டு தடவை கேட்டாள். பிறகு ரொம்ப நேரம் ஜன்னலுக்கு வெளியே அந்தக் கூரை எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டெஸ்மண்டுக்கு எழுதி மறுபடி எண்ணச் சொல்கிறேன் என்று பேனாவை எடுத்தேன். பிடுங்கி வைத்துவிட்டாள். "நீங்க பண்ணினது போதும். குளுந்ததையே கேக்கட்டும். கேள்வி கேக்கத்தானே ஓட்டு வேணும்? நான் எழுந்து பதில் சொல்றதுக்கு யார் ஓட்டு வேணும்?" என்றாள். இப்போது உள்ளே நீல ரவிக்கைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள். விருந்தன்று துரை படத்துக்கு நேர் எதிரே எங்கள் இரண்டு பேருக்கும் இடம் சொல்லிவைத்தாயிற்று. உனக்கும் ஒன்று சேர்த்துச் சொல்லியிருக்கிறேன். எப்படியாவது லீவு போட்டுவிட்டு வா. நான் அங்கே வாயைத் திறக்கக்கூடாது என்பது உன் அக்காவின் உத்தரவு, பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும்.