கைத்தட்டு சார் கழி நட்ட கதை

உலகத்தில் உள்ள சண்டை சச்சரவு அத்தனையையும், சம்பந்தப்பட்டவர்களை வட்டமாக உட்காரவைத்து மூன்று முறை கை தட்டச் சொன்னால் தீர்த்துவிடலாம் என்று மனதார நம்பிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவரைப் பிடித்துப் பழவேற்காட்டுக்கு அனுப்பினார்கள். போதாக்குறைக்கு என்னை அவருக்கு உதவியாளராகவும் போட்டார்கள். போன ஜென்மத்தில் யார் குடியைக் கெடுத்தேனோ, தெரியவில்லை.

அவருடைய பதவியின் பெயர், சிறு அளவிலான கட்டுமானக் கனிமத் தொழிலாளர்களுக்கான மேம்பாட்டு ஆதரவு ஒருங்கிணைப்பாளர். ஆபீஸ் வாசலில் அதை எழுதி வைத்த போர்டு ஆபீஸை விட அகலம். கூரியர்காரர் ஒவ்வொரு முறையும் அதைப் பாதி படித்துவிட்டுப் பக்கத்து டீக்கடையில் பார்சலைக் கொடுத்துவிட்டுப் போவார். ஏரிக்கரைக்காரர்கள் அவ்வளவு சிரமப்படவில்லை. கைத்தட்டு சார் என்று வைத்துவிட்டார்கள்.

கனிமத் தொழிலாளர் என்றதும் மலை, வெடி, லாரி என்று கற்பனை செய்யாதீர்கள். பழவேற்காடு ஏரியின் அடியில் பல தலைமுறைக் காலத்துச் செத்த கிளிஞ்சல் படிந்து கிடக்கிறது. ஒரு தெருப் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, காலால் தடவிக் கண்டுபிடித்து, கூடையில் அள்ளி அலசிக் கரையேற்றுவார்கள். சூளையில் அதைச் சுட்டால் சுண்ணாம்பு. சென்னையில் பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கிறவர்கள் அந்தச் சுண்ணாம்புக்கு இப்போது நாயாய் அலைகிறார்கள். சுண்ணாம்பு கட்டடத்துக்குப் போகிறது, ஆகவே கிளிஞ்சல் கட்டுமானக் கனிமம், ஆகவே அதை அள்ளுகிற பெண்கள் சுரங்கத் தொழில்முனைவோர் என்று எங்கோ ஏசி ரூமில் யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

முதல் கூட்டத்தில் சார் இந்தச் செய்தியை அவர்களிடமே அறிவித்தார். அந்தத் தெருவுக்கு எல்லாவற்றிலும் முன்னால் நின்று பேசுகிறவர் தனம்மாள். அவர் வாயிலிருந்த வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார்.

“இன்னாது, சொரங்கமா? சார், சொரங்கம்னா வெடி வெச்சுப் பேத்து எடுப்பாங்கோ. நாங்க காலால தடவி எடுக்குறோம். அவ்ளோதான்.”

“அதுவும் சுரங்கம்தாங்கம்மா! உங்க அடையாளத்தை நீங்க உணரணும். எங்கே, எல்லாரும் ஜோரா மூணு தட்டு தட்டுங்க!”

கிளிஞ்சல் கிழித்துக் கிழித்துப் பாளம் பாளமாக வெடித்திருந்த கைகள். தட்டினால் எரியும். ஆனாலும் தட்டினார்கள். புதுசாக வந்த மனுஷன், முகம் வாடக் கூடாதே என்றுதான்.

அந்த இரக்கம் எவ்வளவு பெரிய தப்பு என்று அடுத்த மாதம் தெரிந்தது. பாதுகாப்பு உபகரணம் வந்து இறங்கியது. கல் குவாரிக்காரர்களுக்கு வாங்கியதையே எங்களுக்கும் அனுப்பிவிட்டார்கள். மஞ்சள் ஹெல்மெட், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். ஏரியில் தலைமேல் விழுவதற்கு நாரை எச்சத்தைத் தவிர வேறு ஒன்றும் இல்லை என்று நான் சொல்லிப் பார்த்தேன். “ரூல் ரூல்தாங்க,” என்றார் சார். அவரே பூட்ஸ் மாட்டிக்கொண்டு இறங்கிக் காட்டினார். பூட்ஸ் முழங்கால் வரை, தண்ணீர் தொடை வரை. இரண்டு பூட்ஸிலும் ஏரி நிரம்பி, சார் நட்ட மரம் மாதிரி நின்றார். நான்கு பேர் சேர்ந்து ஆளை முதலில் உருவி, பிறகு பூட்ஸை உருவினோம். ஹெல்மெட்டுகளை மீனவர்கள் நயமாகப் பேசி வாங்கிக்கொண்டு போனார்கள். ஃபைபர் படகில் ஏறிய தண்ணீரை இறைக்க அதைப்போல ஒரு சாமான் கிடையாதாம். நண்டு போட்டு வைக்கவும் தோது.

சாருக்குக் கூட்டத்தைக் கண்டால் கை பரபரக்கும். ஒரு சாவு வீட்டில் பெண்கள் மாரடித்து அழுதுகொண்டிருந்தார்கள். சார் மாலையை வைத்துவிட்டு நிமிர்ந்தார். அத்தனை பேர் மொத்தமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்வதை நான் கவனித்தேன். “கொஞ்சம் வட்டமா…” என்று ஆரம்பித்தவரைச் சட்டையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தேன். இல்லாவிட்டால் அன்று இரண்டாவது பாடையும் கட்ட வேண்டியிருந்திருக்கும்.

இந்தக் கூத்துக்கு நடுவில் உண்மையான ஒரு கஷ்டம் வந்தது. கிளிஞ்சல் நிறையக் கிடைப்பது ஏரிக்குள் ஒரு மேட்டில். அதே மேட்டோரம்தான் இறாலும் ஏறும். பெண்கள் கலக்கிவிடுகிற சேற்றில் இறால் ஒதுங்கிப் போகிறது என்று மீனவர்களுக்குக் கடுப்பு. இனி யாரும் அங்கே கிளிஞ்சலுக்கு இறங்கக் கூடாது என்று குப்பத்தில் பேச்சு அடிபட்டது. அந்த மேடு போனால் தனம்மாள் தெருவில் அடுப்பு எரியாது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கான்ட்ராக்டில் கூட்டிப் பெருக்கப் போகலாம்தான். தனம்மாள் வயதுக்காரர்களை அங்கே கேட்டுக்குள்ளேயே விட மாட்டார்கள்.

எல்லாத் தரப்பையும் ஒரே இடத்தில் உட்காரவைத்தால் பத்தே நிமிஷத்தில் தீர்ந்துவிடும் என்றார் சார். கூட்டம் போட்டார். மீனவர்கள் வந்த நாள் அதிகாரிகள் வரவில்லை. அதிகாரிகள் வந்த நாள் மீனவர்கள் ஏரியில். பெண்கள் மட்டும் எல்லாக் கூட்டத்துக்கும் வந்து கை தட்டினார்கள். அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியபோது ஓர் இடத்தில், “சிப்பி உயிரோட இருந்தா நாங்க பாப்போம். செத்துப்போச்சுன்னா எங்களுது இல்ல,” என்றார்கள். செத்ததைப் பார்க்கிற ஆபீஸில், “தண்ணிக்குள்ள கெடந்தா நாங்க இல்ல, கரைக்கு வந்தப்புறம் வாங்க,” என்றார்கள். கரையைப் பார்க்கிற ஆபீஸில் சாப்பாட்டு நேரம். அங்கே எப்போது போனாலும் சாப்பாட்டு நேரம்தான்.

அப்போதுதான் பணம் கொடுக்கிற நிறுவனத்திலிருந்து ஒரு மேடம் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. சாரின் வேலை நீடிப்பதும் போவதும் அந்த அம்மா கையில். களத்தில் எதையாவது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி காட்ட வேண்டுமே என்று சார் துடித்தார். மேடம் வருகிற நாள் விடியற்காலையில், நான் அவருக்கு இளநீர் வாங்க டவுனுக்குப் போன நேரம் பார்த்து, தன்னந்தனியாக ஏரியில் இறங்கி, மேட்டைச் சுற்றி மூங்கில் கழிகளை நட்டு, சிவப்பும் மஞ்சளுமாகக் கொடிகளைக் கட்டிவிட்டார். கனிம மண்டலமாம்.

அட பாவி மனுஷா!

பழவேற்காடு ஏரியில் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. ஒவ்வோர் இடத்துக்கும் முறை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, இன்றைக்கு இன்னார், நாளைக்கு இன்னார் என்று முடிவு செய்வார்கள். வலை கட்டக் கழி நட்டால் இன்றைக்கு இந்த இடம் என்னுது என்று அர்த்தம். அடுத்தவன் பாட்டில் கழி நடுவது அவன் வீட்டுக்குள் புகுந்து பாய் விரித்துப் படுப்பதற்குச் சமம். வருஷக்கணக்கில் அங்கே வேலை பார்த்தவருக்கு இது தெரியாது. எந்தக் கூட்டத்திலும் மற்றவர்கள் பேச அவர் இடம் கொடுத்ததில்லையே.

நான் இளநீரோடு திரும்பியபோது மீன் ஏலம் போடுகிற கொட்டகையில் ஊரே திரண்டிருந்தது. மூன்று குப்பத்து மீனவர்கள், சூளைக்காரர்கள், தனம்மாள் தெரு மொத்தமும். மேடம் வருகிறார் என்பதால் எல்லா ஆபீஸ்காரர்களும் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றார்கள். கொடிகளைப் பிய்த்தெறிந்துவிட்டு வந்த பையன்கள் கெட்ட வார்த்தையில் கத்திக்கொண்டிருந்தார்கள். சார் மட்டும் ஈரப் பேன்ட்டோடு, கண்கள் பளபளக்க, மேடத்திடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“எல்லாத் தரப்பும் வந்திருக்காங்க மேடம்! ஒருத்தர் பாக்கியில்ல!”

சொல்லிவிட்டு மெகாபோனைத் தூக்கினார். “முதல்ல எல்லாரும் ஜோரா…”

“நைனா,” என்றார் ஊர்த் தலைவர். “அத்தக் கீழ வையி.”

சார் வைத்தார். அவர் ஒரு கூட்டத்தில் வாயை மூடி நின்றதை நான் பார்த்தது அன்றுதான்.

“இன்னிக்கு அங்க யார் பாடுனு தெரியுமா ஒனக்கு?”

“தெரியாதுங்க.”

“தெரியாம கழி நட்டுட்ட. செரி. யாருக்காக நட்ட? கிளிஞ்ச எடுக்குற பொம்பளைங்களுக்காகவா? அவுங்களுக்காகன்னா சொல்லு. அடுத்தவன் பாட்டுல கை வெச்சவங்க யாரும் இனிமே ஏரில எறங்கக் கூடாது. ஊர்க் கட்டுப்பாடு அது.”

தனம்மாளின் முகம் செத்துவிட்டது. ஆமாம் என்று சார் சொன்னால் அந்தத் தெருவே காலி. இல்லை என்று சொன்னால், பின்னே எதற்கப்பா இந்தத் திட்டம் என்று மேடம் கேட்பார். எனக்குச் சாரை நன்றாகத் தெரியும். ஒருங்கிணைப்பு, பங்கேற்பு, கூட்டு முயற்சி என்று ஒரு மணி நேரம் வாசித்து அந்தப் பெண்களை நட்டாற்றில் விடப் போகிறார் என்றே நினைத்தேன்.

“எனக்காகத்தாங்க,” என்றார் சார்.

“இன்னா?”

“எனக்கு வேணும்னுதான் நட்டேன். அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. யாரும் என்னைக் கேக்கல.”

மேடத்தின் புருவம் ஏறியது ஏறியபடியே நின்றது. திட்டத்து இடத்தைத் தனக்கென்று வளைத்ததாக ஓர் ஒருங்கிணைப்பாளர் ஊர் நடுவில் ஒப்புக்கொள்கிறார். வேலை அந்த நிமிஷமே போயிற்று. அது சாருக்கும் தெரிந்தது. காது மடல் சிவந்து நின்றார்.

“நீ கெளிஞ்ச எடுத்து இன்னா பண்ணப் போற?” என்று ஒரு பையன் கேட்டான். கொட்டகை சிரித்தது. தலைவர்கூட மீசைக்குள் சிரித்தார்.

தனம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார்.

“தலைவரே, இவுரு நட்டது இவுரு புத்தி. எங்களுக்கு வோணும்னா நாங்க வாய வுட்டுக் கேப்போம். இப்பக் கேக்குறோம். தண்ணி ஓட்டம் இல்லாத நாள்ல எறா ஏறாது, நீங்களும் வலை கட்ட மாட்டீங்கோ. அந்த நாளு மட்டும் எங்களுக்கு வுடுங்க. மத்த நாளு அந்தப் பக்கமே வர மாட்டோம்.”

தலைவர் மீனவர்களைப் பார்த்தார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “அதுல நமக்கு இன்னா பேஜாரு?” என்றார் அன்றைக்கு அந்த இடத்தில் பாடு விழுந்திருந்த மீனவர். “வுட்ரலாம்.” தலைவர் தலையாட்டினார். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகியிருக்காது. இதற்காகத்தான் இத்தனை காலம் கூட்டம் கூட்டமாகப் போட்டு சமோசா வாங்கிக் கொடுத்தோம். அதிகாரிகள் எல்லாரும் தாங்களே முடித்துவைத்தது போல மேடத்தோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

சாருக்கும் தீர்ப்பு உண்டு. இந்த ஏரியில் அவர் இனிமேல் கால் நனைக்கக் கூடாது. அந்த வாரமே மேடத்தின் ஆபீஸும் கால் நனைக்க வேண்டாம் என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் வழியனுப்பப் போனேன். சார்ட் பேப்பர்களைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தார். வருத்தமாக இருப்பார், ஏதாவது ஆறுதல் சொல்லலாம் என்று நான் வாயெடுப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

“எவ்வளவு பேர் வந்தாங்க, பார்த்தீங்களா? எல்லாத் தரப்பும்!”

நான் சார்ட் பேப்பர் சுருளை வாங்கிக்கொண்டு அவரை முதலில் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

போன மாதம் ஏரிப் பக்கம் போயிருந்தேன். வலை இல்லாத நாள். தனம்மாளும் மற்றவர்களும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கத் தயாராக நின்றார்கள். இறங்குவதற்கு முன்னால் எல்லாரும் சேர்ந்தாற்போல மூன்று முறை கை தட்டினார்கள்.

“இன்னாத்துக்கு தனம்மா இது?” என்றேன்.

“அடியில திருக்கை மீனு படுத்துனு கெடக்கும்மா, மிதிச்சா வால் முள்ளால குத்திடும். சத்தம் கேட்டா ஓடிடும்.”

கரையில் நின்று கை தட்டினால் திருக்கை ஓடாது. அது தனம்மாளுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். நான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அவர்களோடு இறங்கினேன். இறங்குமுன் நானும் மூன்று முறை தட்டினேன்.