சமாதானம் நின்றுபோன பாய்

மன்னித்துவிட்டவர்கள் என்று ஓர் இனம் உண்டு. கோபக்காரர்களிடமிருந்து தப்பிவிடலாம், வேறு தெரு வழியாகப் போனால் போதும். இவர்களிடமிருந்து தப்ப முடியாது. தேடிவந்து மன்னிப்பார்கள். சங்கரன்கோவிலில் இந்த இனத்துக்குத் தலைமைப் பீடம் பாக்கியநேசம் டீச்சர். அவர் இதுவரை மன்னித்தவர்களை வரிசையாக நிறுத்தினால், வேதக்கோயில் வாசலில் தொடங்கும் வரிசை புளியங்குடி பஸ் ஸ்டாண்டையும் தாண்டிப் போகும். சரி, கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டேன். நம் ரயில்வே கேட் வரைக்கும் கட்டாயம் போகும். அந்த வரிசையில் நாமெல்லோரும் நிற்கிறோம். நமக்கென்று ஆளுக்கொரு சின்ன வரிசையும் வைத்திருக்கிறோம், அது வேறு விஷயம்.

இவர்கள் எப்படி மன்னிப்பார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? மற்றவர்கள் ஒரு குற்றத்தை மறந்துபோவார்கள், அதோடு சரி. இவர்கள் குற்றத்தைத் துடைத்து, எண்ணெய் போட்டு, நாலு பேர் பார்க்கும் இடத்தில் வைத்து, அதன் மேல் மன்னிப்பைப் பூமாலை மாதிரி சாத்துவார்கள். பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் சாட்சி சொல்லும் நேரம் வந்தால் டீச்சர் எழுந்திருப்பார். "நான் பெயர் சொல்ல மாட்டேன். கழுகுமலை ரோட்டிலே, தையல் மிஷின் வைத்திருக்கிற, இப்போது தூணோரத்தில் பச்சைச் சேலையில் உட்கார்ந்திருக்கிற ஒரு சகோதரியை நான் பூரணமாக மன்னித்துவிட்டேன். அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைச் சொல்ல மாட்டேன்." பிறகு சொல்வார். விவரமாகவே சொல்வார்.

பரமண்டல ஜெபத்தில் நமக்காக மன்னிப்புக் கேட்கும் பாதி வரும்போது டீச்சர் முந்தானையைச் சரிசெய்துகொண்டிருப்பார். நாம் பிறரை மன்னிக்கும் பாதி வந்ததும் அவர் குரல் கூரை ஓட்டைத் தொடும்.

இப்படிப்பட்டவருக்கு அடுத்த வீடு தங்கத்தாய் வீடு. புருஷன் சைக்கிள் கடை வைத்திருந்தான். தங்கத்தாயிடம் இருந்ததெல்லாம் வாய்தான். எமர்ஜென்சி முடிந்து அடுத்த வருஷம், அறுப்பின் பண்டிகைக்கு டீச்சர் ஒரு சேவலைக் காணிக்கையாகக் கொண்டுபோனார். ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருள்களைக் கோயில் உபதேசியார் வாசலில் ஏலம் விடுவது வழக்கம். சேவலை எடுத்தது தங்கத்தாய். மறுநாள் குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டே சொன்னாள்: "நேத்து மத்தியானம் அடுப்பில ஏத்துனது, பொழுதடைஞ்சும் வேகல. ஏசுவத் தெரியாதுன்னு பேதுரு மறுதலிச்ச அன்னைக்குக் கூவுச்சே, அதே சேவலாத்தான் இருக்கும்."

குழாயடி சிரித்தது. குடங்களோடு சேர்ந்து அந்தச் சிரிப்பு வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது.

டீச்சர் அன்று சாயங்காலமே மன்னித்துவிட்டார். மறுநாளும் மன்னித்தார். வருஷம் முழுவதும் பஸ்ஸில், ஜவுளிக்கடையில், டியூஷன் நடுவில் எல்லாம் மன்னித்தார். பூக்காரி பேச்சித்தாய்க்குப் பேதுரு யாரென்றே தெரியாது. மல்லிகையை முழம் போடும் நேரத்தில் அவளிடமும் முழுக்கதையையும் சொல்லி மன்னித்தார். "பேதுரு எந்தத் தெருக்காரரு, டீச்சரம்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அவள் பூவைக் கத்தரித்தாள்.

இந்தச் சமயத்தில் புதிதாக வந்த குருவானவர் திருவிருந்து ஆராதனையில் ஒரு பழக்கத்தைத் தொடங்கிவைத்தார். அப்பமும் ரசமும் கொடுப்பதற்கு முன்னால், முன்வரிசையில் ஒருவரின் கையைத் தம் இரு கைகளுக்குள் வைத்துச் 'சமாதானம்' என்பார். அவர் திரும்பிப் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடிக்க வேண்டும். அவர் அடுத்தவரின் கையை. இப்படிப் பாய் பாயாகச் சமாதானம் கடைசி வரிசை வரை போய்ச் சேர வேண்டும். நல்ல பழக்கம்தானே? டீச்சருக்கும் ஆட்சேபணை இல்லை. அது யார் கையிலிருந்து வருகிறது என்பதில்தான் அவருக்கு அக்கறை. அதனால் முதல் மணி அடிக்கும் முன்பே வந்து, தமக்கும் தங்கத்தாய் வழக்கமாக உட்காரும் இடத்துக்கும் நடுவே ஒரு தூணும், பருமனான ஜெபக்கனியும், ஜெபக்கனியின் குடையும் இருக்கும்படி இடம் பார்த்து உட்காருவார். கணக்கு டீச்சர் அல்லவா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணக்குத் தப்பியது. தாமதமாக வந்த தங்கத்தாய் காலியாக இருந்த ஒரே இடத்தில், டீச்சரின் தோளை ஒட்டி உட்கார்ந்தாள். சமாதானம் வந்தது. தங்கத்தாய் இரு கைகளையும் நீட்டினாள். டீச்சர் குனிந்து பாயில் மூக்குக்கண்ணாடியைத் தேட ஆரம்பித்தார். கண்ணாடி கையிலேயே இருந்தது. நீட்டிய கைகள் நீட்டியபடியே இருக்க, பாட்டு தொடங்கிவிட்டது. பின்வரிசைகளுக்கு அன்றைக்குச் சமாதானம் போய்ச் சேரவில்லை. அங்கே இருந்த இரண்டு பேர் மத்தியானமே வேலித் தகராறில் கைகலந்தார்கள் என்று கூடச் சொல்வார்கள். அதை மட்டும் நீங்கள் நம்ப வேண்டாம்.

குருவானவர் வீட்டுக்கே வந்துவிட்டார். "டீச்சர், மனசுல ஒண்ண வச்சுக்கிட்டுத் திருவிருந்துக்கு வராதீங்க. தங்கத்தாயோட பேசித் தீர்த்துட்டு வாங்க."

"நான் எப்பவோ மன்னிச்சாச்சே, ஐயா."

"அவங்ககிட்ட சொன்னீங்களா?"

ஊரில் அவர் சொல்லாதது அவள் ஒருத்தியிடம்தான்.

டீச்சர் திருவிருந்தைத் தவறவிட்டதே கிடையாது. எல்லோரும் எழுந்து பீடத்துக்குப் போகையில் தான் மட்டும் பாயில் உட்கார்ந்திருந்தால் ஊர் என்ன பேசும்? இதைத்தான் கணவர் செல்லப்பாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். பாவாடை கட்டிய காலத்திலிருந்து கையேந்தி வாங்கிய அந்த அப்பத்துண்டு இல்லாமல் வீட்டுக்கு நடக்க வேண்டுமே என்ற நினைப்புத்தான் உண்மையில் அவரைப் போட்டு அரித்தது. அதைக் கணவரிடம் சொல்லவில்லை.

அடுத்த திருவிருந்துக்கு முந்தின நாள், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு டீச்சர் தங்கத்தாய் வீட்டுக்குள் நுழைந்தார். அவள் ஆட்டுரலில் உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"தங்கம், ஒன்ன மன்னிக்க வந்திருக்கேன்."

"உக்காருங்க டீச்சரக்கா. கையெல்லாம் மாவு. எந்தக் குத்தத்துக்கு?"

"சேவல் விசயம்."

"கிழடுன்னு சொன்னேன். இளசா இருந்தா நான் சொன்னது பொய்; இப்பவே கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டுருதேன். நீங்களே சொல்லுங்க, இளசா?"

குழவி சுற்றிக்கொண்டிருந்தது. விடிந்தால் திருவிருந்து. பொய் சொன்ன பிள்ளைகளைப் பெஞ்சின் மேல் ஏற்றியே பழகியவர், ஏற ஒரு பெஞ்சைத் தேடுகிறவர்போல் சுற்றிலும் பார்த்தார்.

"நடுவயசு" என்றார்.

"நடுவயசு" என்று தங்கத்தாயும் மரியாதையாகச் சொன்னாள். "எம்பொண்ணு தொட்டில்ல கெடக்கையில அது கூவித்தான் முழிச்சு அழுவா. இப்ப அவ தாவணி போட்டாச்சு."

டீச்சர் வாழைப்பழத்தைப் பார்த்தபடி சொன்னார்: "ரெண்டு சேவல் நின்னுச்சு, தங்கம். மருமகன் வாராருன்னு இளச வீட்டுலயே நிறுத்திட்டேன்." ஜெபத்தில் கூட அவர் வாய்விட்டுச் சொல்லாத வாக்கியம் அது. பிறகு சட்டென்று, "ஏட்டி, தெரிஞ்சுக்கிட்டே எதுக்கு ஏலத்துல எடுத்த?" என்றார்.

"யாருமே கேக்கலைலா. உபதேசியார் தூக்கித் தூக்கிக் காட்டுதாரு, ஒருத்தரும் வாயத் தெறக்கல. நீங்க தலையக் குனிஞ்சிக்கிட்டு நின்னீங்க. பாக்க எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. சரி, நம்ம டீச்சரக்கா சேவல்தானேன்னு கேட்டுட்டேன். பெறவு குழாயடியில இந்த வாய் சும்மா கெடக்கல."

அவ்வளவுதான். வருஷம் முழுக்கச் சுமந்த மன்னிப்பை இறக்கிவைக்க அந்த வீட்டில் இடமில்லாமல் போயிற்று. கொடுக்க வந்த வீட்டில் வாங்க வேண்டியதாகிவிட்டது. 'மன்னித்துவிட்டேன்' என்று தூக்கத்திலும் சொல்லக்கூடிய நாக்கு, 'மன்னிச்சுக்கோ' என்று சொல்ல அசையவில்லை. "உளுந்து நல்லாப் பொங்கியிருக்கு" என்று சொல்லிவிட்டு டீச்சர் எழுந்து வந்துவிட்டார்.

ஞாயிறு காலை அவர் இடம் பார்க்க முந்திக்கொண்டு போகவில்லை. இரண்டாவது மணியும் அடித்து ஓய்ந்த பிறகு போய் வாசலில் நின்றார். தங்கத்தாய் நகர்ந்து உட்கார்ந்து பாயில் இடம் விட்டாள். சமாதானம் முன்வரிசையில் புறப்பட்டு, தூணைச் சுற்றி, தங்கத்தாய் வரை வந்தது. உளுந்து வாசனை இன்னும் போகாத இரண்டு கைகள் நீண்டன.

"சமாதானம், டீச்சரக்கா."

டீச்சர் கையைக் கொடுத்தார். கொடுத்த கையை விடுவித்துக்கொள்ளவில்லை. "மன்னிச்சுக்கோ, தங்கம்" என்றார். அத்தனை வருஷம் வகுப்பறையை அதிரவைத்த குரல் பக்கத்துப் பாயைத் தாண்டாத அளவுக்கு இறங்கியிருந்தது.

"என்னைக்கோ மன்னிச்சாச்சு. அடுத்த ஆளுக்குக் குடுங்கக்கா, ஜெபக்கனி காத்துக்கிட்டு இருக்காங்க."

டீச்சர் திரும்பி ஜெபக்கனியின் கையைப் பிடித்தார். பிறகு எழுந்து பீடத்துக்குப் போனார். மாதச் சம்பளம் வாங்குவதுபோல் நீளும் கை அன்றைக்குக் கடன் வாங்குவதுபோல் நீண்டது. அப்பத்துண்டை வாயில் வைத்துக்கொண்டு எழுந்திருக்க அவருக்கு நேரம் பிடித்தது.

இத்தோடு இந்த இனத்தில் ஒன்று குறைந்தது என்றா நினைக்கிறீர்கள்? இத்தனை நாள் பழக்கம் ஒரு காலையில் விட்டுப்போகுமா? இதற்குள் நீங்களும், 'பாவம், டீச்சர் நல்லவர்தான், போனால் போகட்டும்' என்று அவரைப் பெருந்தன்மையாக மன்னித்திருப்பீர்கள். அவர் உங்களுக்கு என்ன குற்றம் செய்தார்? கொஞ்சம் கண்ணாடி பார்த்துக்கொள்ளுங்கள். நம் இனம் இப்படித்தான் பெருகுகிறது.

வாசலில் குருவானவர் நின்று ஒவ்வொருவராகக் கைகுலுக்கி அனுப்பிக்கொண்டிருந்தார். டீச்சர் முறை வந்ததும் முகம் மலரச் சொன்னார்: "ஐயா, தங்கத்தாயை முழு மனசோட மன்னிச்சுட்டேன்."

பின்னால் குடையை விரித்துக்கொண்டிருந்த ஜெபக்கனி நிமிராமலே சொன்னார்:

"இல்ல, ஐயா. டீச்சர்தான் கேட்டாங்க, அவதான் குடுத்தா. நான் பக்கத்துப் பாயில இருந்தேன்."