பூச்சாண்டிக்கு வயர்லெஸ் கிடைத்த கதை

துர்க்கை அம்மன் மூக்கில் சந்தேஷ் இனிப்பு ஒட்டிக்கொண்டதற்கு நான்தான் காரணம். எங்கள் குடியிருப்பின் பூஜை கமிட்டி அதை இன்றுவரை மறக்கவில்லை. (நானும் மறக்கவில்லை. மறந்தாலும் வீட்டில் விடமாட்டார்கள்.)

அப்போது நான் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் அதிகாரி. திருநெல்வேலியிலிருந்து கொல்கத்தாவுக்கு மாற்றலாகி, நியூ டவுனில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடி ஒன்றில் தனியாக இருந்தேன். கிளைகளிலிருந்து "நெட் வரவில்லை" என்று போன் வரும். எடுத்தவுடன் நான் கேட்கும் முதல் கேள்வி, "சுவிட்ச் போட்டிருக்கிறதா பார்த்தீர்களா?" பாதிப் புகார் அதோடு தீர்ந்துவிடும். மறுமுனையில் ஒரு மேனேஜர் அசடு வழிவதைக் கேட்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். அந்த ஊரில் எனக்கு இருந்த ஒரே சந்தோஷமும் அதுதான்.

வீட்டில் ஒரு கட்டில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, நான். மனைவி கோமதியும் மூன்று வயது மகள் தாரிணியும் பாளையங்கோட்டையில் மாமனார் வீட்டில் இருந்தார்கள். கடைசியாக ஊருக்குப் போனபோது தாரிணி அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "இந்த மாமா எப்பம்மா போவாங்க?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திரும்பி வரும்போது ரயிலில் அப்பர் பர்த்தில் ஏறிப் படுத்தவன் ஒரிசா வரும்வரை தூங்கவில்லை.

அந்த வருஷம் விஜயதசமிக்கு அவளுக்கு ஏடு தொடங்குவதாக முடிவாயிற்று. மடியில் உட்காரவைத்து, கையைப் பிடித்து, தட்டில் பரப்பிய அரிசியில் 'அ' எழுத வைக்க வேண்டியவன் நான். லீவு கிடைக்கவில்லை. பூஜை விடுமுறையிலும் சர்வருக்கு ஏதாவது ஆனால் ஓடிப்போக ஊரில் ஓர் ஆள் வேண்டுமாம். எங்கள் பிரிவில் வங்காளி அல்லாதவன் நான் ஒருவன்தான். அதனால் தாத்தா மடியில் எழுத்து, அப்பா வீடியோவில் என்று ஏற்பாடு. மச்சான் முருகேசன் கம்ப்யூட்டரில் கேமரா மாட்டினான். "உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே எழுதட்டும்" என்றாள் கோமதி. எனக்கு வேறு ஆசையே இல்லை. இந்த முகம் மாமா இல்லை, அப்பா என்று அவள் மனதில் பதிந்தால் போதும்.

என் வீட்டில் இணைப்பு கிடையாது. ஆனால் குடியிருப்பின் கிளப் ஹவுஸில் இலவச வயர்லெஸ் இருந்தது. பாஸ்வேர்டு கிடையாது, விருந்தாளி, டிரைவர் என்று யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். இரண்டு நாள் முன்னால் போய்ச் சோதித்தும் பார்த்துவிட்டேன். அருமையாக வேலை செய்தது.

ஆயுத பூஜையன்று கோமதி போனில் வந்தாள்.

"லேப்டாப்பையும் வச்சுக் கும்பிடுங்க. சுத்திச் சந்தனம் வைங்க."

"ஒரு பொட்டு போதாதா?"

"அதுதான உங்களுக்குச் சோறு போடுது? கஞ்சத்தனம் பண்ணாதீய."

சோறு போடும் தெய்வத்துக்குச் சந்தனத்தை அள்ளி அப்பினேன். மூடியில், நாலு மூலையில், முன்பக்க விளிம்பில், எங்கெல்லாம் இடம் இருந்ததோ அங்கெல்லாம். மேலே குங்குமம். ஜன்னலுக்கு வெளியே ஊரே புதுத்துணி உடுத்திக் கும்பல் கும்பலாகப் போய்க்கொண்டிருந்தது. நான் லேப்டாப்புக்குப் பொரி படைத்து, லேப்டாப் சாப்பிடாததால் முழுவதையும் நானே தின்று தீர்த்தேன். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாதே, தொடவில்லை. பேசுவதற்கு ஆள் இல்லாமல், அதனிடமே "நாளைக்குக் காலை வாரிவிடாதே" என்று சொன்னேன்.

மறுநாள் காலை அதைச் சந்தனப் பொட்டுகளோடு தூக்கிக்கொண்டு கிளப் ஹவுஸுக்குப் போனேன். உள்ளே கூடம் முழுவதும் துணியும் தெர்மகோலும் மறைத்த பந்தல்; பகலிலும் விளக்குப் போட்டால்தான் வெளிச்சம். தசமியன்று அம்மன் பிறந்த வீட்டிலிருந்து கிளம்புகிறாள் என்பது அங்கே ஐதீகம். சிவப்புக்கரை வெள்ளைச் சேலையில் பெண்கள் வரிசையாக நின்று, அவள் முகத்தை வெற்றிலையால் ஒற்றி, குங்குமம் வைத்து, இனிப்பு ஊட்டி வழியனுப்பிக்கொண்டிருந்தார்கள். நான் பந்தலுக்குப் பின்னால், வயர்லெஸ் பெட்டிக்கு நேர் கீழே உட்கார்ந்தேன்.

'நெட்வொர்க் எதுவும் இல்லை' என்றது லேப்டாப்.

அணைத்துப் போட்டேன். வயர்லெஸ்ஸுக்கான மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். நாற்காலி மேல் ஏறி, லேப்டாப்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். கொல்கத்தாவில் ஒருவன் நாற்காலி மேல் ஏறினால் ஆலோசனைக்குப் பஞ்சமா? "வைரஸ்" என்றார் ஒருவர். "மழை ஈரம்" என்றார் இன்னொருவர். கமிட்டிச் செயலாளர் தபன்தா (தா, தாதா என்றால் அங்கே அண்ணன்) நிதானமாக வந்து, "நேற்று என் பையன் இங்கேதானே பார்த்தான், நன்றாக வந்ததே?" என்றார்.

"தாதா, நான் சிஸ்டம்ஸ் ஆபீசர்" என்றேன். (இந்த வாக்கியத்தை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.) "என் மெஷினில் ஒரு குறையும் இல்லை. கோளாறு உங்கள் பெட்டியில்தான்."

அந்த நேரம் பார்த்துப் போன். "ஏங்க, எங்க இருக்கிய? நல்ல நேரம் முடியப்போவுது. பிள்ளைய உக்கார வச்சாச்சு."

"இதோ வந்துட்டேன், கொஞ்சம் பொறு!"

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பெட்டியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்று அதன் வயரைத் தேடினேன். பந்தலுக்குப் பின்னால் நூறு வயர்கள் பின்னிக் கிடந்தன. இதுதான் என்று ஒன்றைப் பிடித்து இழுத்தேன்.

பந்தல் முழுக்க இருட்டு. மைக், மின்விசிறி, அம்மன் தலைக்கு மேல் சுழன்ற விளக்கு எல்லாம் நின்றன. மேளக்காரர்களும் பயந்து நிறுத்திவிட்டார்கள். அப்புறம் பெண்கள், "அபசகுனம்! அபசகுனம்!" என்று அலறினார்கள். அந்த இருட்டில், என் தோளில் இருந்த போனிலிருந்து மட்டும், எங்கோ வெகுதூரத்தில் எல்லோரும் கைதட்டுவது கேட்டது. "எழுதிட்டா, எழுதிட்டா!" என்றது மாமனார் குரல்.

வயரைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன்.

யாரோ ஓடிவந்து அதன் முனையைச் செருகி விளக்கு மறுபடி வந்தபோது அம்மனின் மூக்கில் சந்தேஷ் அப்பியிருந்தது. ஊட்டிக்கொண்டிருந்தவர் எதிர்வீட்டு சோமா பௌதி. (பௌதி என்றால் அண்ணி.) பந்தலுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தவர் என் கையில் வயரைப் பார்த்துவிட்டார். தசமியன்று பெண்கள் தங்களுக்குள்தான் குங்குமம் பூசி விளையாடுவார்கள். எனக்காக வழக்கத்தை மாற்றினார்கள். "இந்தா, தண்டனை!" என்று பௌதி என் இரண்டு கன்னத்திலும் அப்ப, பின்னால் வந்த பெண்கள் நெற்றி, மூக்கு, காது என்று மிச்சம் வைக்கவில்லை. சபையே சிரித்தது. எனக்குத்தான் சிரிக்க வரவில்லை.

மூலையில் போய் உட்கார்ந்தேன். செய்ய ஒன்றும் இல்லாமல், லேப்டாப்பின் முன்விளிம்பில் காய்ந்திருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன். ஒரு பெரிய வில்லை பெயர்ந்தது. அதற்கடியில் ஒரு சின்னத் தள்ளு சுவிட்ச். வயர்லெஸ்ஸுக்கானது. பக்திப் பரவசத்தில் கட்டைவிரலால் அப்பியபோது அதை அணைத்து, மேலே சிமெண்ட் போல் பூசியும் விட்டிருக்கிறேன். தள்ளினேன். நீல விளக்கு எரிந்தது. நெட்வொர்க் வந்தது. அதற்கு முன் ஆயிரம் பேரிடம் நான் கேட்டிருந்த கேள்வியை அன்று என்னிடம் யாருமே கேட்கவில்லை.

படபடவென்று கூப்பிட்டேன். திரையில் தாரிணி! பட்டுப்பாவாடை, விரலில் ஒட்டிய அரிசி. கேமராவுக்குக் கிட்டே வந்து உற்றுப் பார்த்தாள்.

"தாரிணிக்குட்டி! யாருன்னு தெரியுதா?"

தெரிந்தது. "பூச்சாண்டி!" என்று வீறிட்டுக்கொண்டு ஓடியே போனாள். என் முகத்தில் இருந்ததை அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன்.

"என்னங்க இது கோலம்?" என்றாள் கோமதி. வந்த அழுகையை என்னால் அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்த சோமா பௌதி நின்றுவிட்டார். தன் முந்தானையை நனைத்து வந்து, சின்னப் பையனுக்குத் துடைப்பதுபோல் என் முகத்தைத் துடைத்துவிட்டார். தாரிணி அன்று கம்ப்யூட்டர் பக்கமே திரும்பி வரவில்லை. சாயங்காலம் அம்மனைக் கரைத்துவிட்டு வந்த தபன்தா, அங்கே தசமிக்கு ஆண்கள் தழுவிக்கொள்ளும் வழக்கப்படி, என்னையும் இழுத்துத் தழுவினார். அந்த ஊருக்கு வந்த பிறகு என்னை ஒருவர் தொட்டது அன்றுதான்.

மறுவாரமே மேலதிகாரி காலைப் பிடிக்காத குறையாக லீவு வாங்கி, ஊருக்குப் போய், கோமதியையும் தாரிணியையும் கையோடு அழைத்து வந்தேன். தாரிணி பௌதி வீட்டிலேயே பாதி வளர்ந்தாள். தமிழைவிட வங்காளம்தான் அவளுக்கு வேகமாக வரும். ஆனால் என்னைக் கூப்பிடும் பெயர் மட்டும் சுத்தத் தமிழ்: பூச்சாண்டி. அவள் போனிலும் அப்படித்தான் பதிந்து வைத்திருக்கிறாள். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுக்கும் முன் கோமதி, "முதல்ல சுவிட்சப் பாத்துக்கிடுங்க" என்பாள்.

இப்போது தாரிணி புனேயில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். வீட்டை விட்டு அவள் கழித்த முதல் தசமியன்று வீடியோவில் வந்தாள். பின்னால் ஒரு கட்டில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அறைத்தோழிகள் எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்களாம்.

"என்னம்மா, நெட் சரியா வருதா?"

"சுவிட்ச் ஆன்லதான் இருக்கு, பூச்சாண்டி." பின்னாலிருந்த நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள். "சும்மாதான் கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் மூஞ்சியக் காட்டிக்கிட்டு இரு."

கோமதியைக் கூப்பிட்டுக் குங்குமச் சிமிழை எடுத்து வரச் சொன்னேன். இரண்டு கன்னத்திலும் நன்றாக அப்பிக்கொண்டு கேமராவுக்குக் கிட்டே போனேன். இந்தத் தடவை அவள் ஓடவில்லை.