முருங்கைக்காய் லேசர்

திருநகர்க் கல்யாண மண்டபத்தில் அன்று கல்யாணம் இல்லை. ஆனால் வாசலில் செருப்பு மலைபோல் குவிந்து கிடந்தது. மதுரையில் முட்டு வலி உள்ளவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். வலி இல்லாத சிலரும், இனிமேல் வரப்போகும் வலிக்காக இப்போதே இடம் பிடித்திருந்தார்கள்.

உள்ளே மின்னொளிச் சித்தர். வீட்டில் வைத்த பெயர் நல்லகாமன். போன வருஷம்வரை செல்போன் கவர் விற்றவர். கீழக்குயில்குடி மலையில், சமணர் படுக்கையில் படுத்துத் தூங்கியபோது கனவில் ஒரு சித்தர் வந்து லேசர் கொடுத்தாராம். சமணர் படுத்த இடத்தில் சித்தருக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். அந்த லேசருக்கு எங்கே சார்ஜ் போட்டார் என்றும் கேட்காதீர்கள். 'கேள்வி கேட்டால் ஒளி குறையும்' என்று மண்டபத்திலேயே போர்டு மாட்டியிருந்தது.

வைத்தியம் ரொம்பச் சுலபம். ஒளி பட்டால் கண் போய்விடும் என்று மஞ்சள் துணியால் கண்ணைக் கட்டிவிடுவார்கள். சித்தர் ஒரு சிவப்பு லைட் பேனாவை வலிக்கிற இடத்தில் காட்டுவார். பூனைக்கு விளையாட்டுக் காட்டத் திருவிழாக் கடையில் விற்பார்களே, அதே பேனாதான். விபூதி பூசியிருந்ததால் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

முன்வரிசையில் ஷேர் ஆட்டோ ஓட்டும் வெள்ளைத்துரை, கண்ணில் மஞ்சள் துணியோடு. அவருக்குச் சரவாங்கி என்கிற மூட்டு வாதம். காலையில் விரல் மடங்காது. ஆஸ்பத்திரி மாத்திரையில் ஓரளவு தேறி ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவரிடம், "மாத்திரையும் ஒளியும் ஒரே உடம்புல தங்காது" என்றார் சித்தர். அன்றோடு மாத்திரை நின்றது. கொஞ்ச நாளில் ஆட்டோவும் நின்றது, கிளட்சைப் பிடிக்க விரல் வரவில்லை. இப்போது சட்டைப் பட்டனைக்கூட மனைவி தமிழ்வாணிதான் போட்டுவிடுகிறார்.

அந்தத் தமிழ்வாணி காய்கறிப் பையோடு பக்கத்தில் நின்றார்.

"ஏங்க, பிசியோதெரபில லேசர் வைக்கிறது நெசந்தான். வலி கொஞ்சம் கொறையலாம்னு டாக்டரே சொன்னாரு. ஆனா அவரு மாத்திரைய நிப்பாட்டச் சொல்லலையே?"

"சும்மா இரு புள்ள, ஒளி கொறைஞ்சிரும்!"

அந்த நேரம் சித்தருக்குப் போன் வந்தது. சத்தம் காட்டாமல் வெளியே போனார். தமிழ்வாணி பையிலிருந்து ஒரு முருங்கைக்காயை உருவி, புருஷனின் விரலுக்கு மேலே நீட்டினார்.

"சாமீ! சுர்ருனு ஏறுது சாமி!" என்றார் வெள்ளைத்துரை.

பக்கத்து நாற்காலி பேச்சிமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. "எனக்கும் காட்டுங்க சாமி, வலது முட்டு!"

காட்டினார்.

"ஆத்தி, எம்புட்டுச் சூடு! கொஞ்சம் கொறைங்க சாமி!"

தமிழ்வாணி காயைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தார். "ஆங், இப்பப் பரவால்ல" என்றார் பேச்சிமுத்து.

சித்தர் திரும்பி வந்தார். "ஏம்மா, என்ன கூத்து இது?"

"வைத்தியம் பாக்குறேன். எல்லாரும் துணிய அவுத்துப் பாருங்க."

பார்த்தார்கள். தமிழ்வாணி கையில் முருங்கைக்காய். சித்தர் அசரவில்லை. "என் ஒளி கொஞ்சம் காய்ல எறங்கிருச்சு. ஆனாலும் அசல் எது, நகல் எதுன்னு எனக்குத் தெரியும்!"

"அப்ப உங்க கண்ணக் கட்டுவோமா?"

"கட்டுங்க சாமி! இந்தப் பொம்பளைக்குப் புத்தி வரட்டும்!" என்று பக்தர்களே இழுத்துக் கட்டினார்கள். முடிச்சு பலமாக விழுந்தது.

தமிழ்வாணி சித்தரின் பேனாவை வாங்கி, முதலில் அவர் உள்ளங்கையில் அதன் வெளிச்சத்தைக் காட்டினார்.

"வெறும் காய்!" என்றார் சித்தர்.

அடுத்து முருங்கைக்காயை நீட்டினார்.

"இதுதான் சித்தர் ஒளி! உள்ளங்கை கொதிக்குது!"

மண்டபமே அதிரச் சிரித்தது. சித்தர் கட்டை அவிழ்த்தார். மூக்குக்கு நேரே முருங்கைக்காய். உடனே அவருக்கு இன்னொரு போன் வந்துவிட்டது. வெளியே போனவர் திரும்பவே இல்லை. அவசரத்தில் யாரோ ஒருவருடைய புதுச் செருப்பும் கூடவே போய்விட்டது.

வெள்ளைத்துரை தன் விரல்களைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "வா புள்ள, ஆஸ்பத்திரிக்குப் போவோம். இதுக்கு மேல கோணிருச்சுன்னா ஆட்டோ அம்புட்டுத்தான்."

வாசலைத் தாண்டவில்லை, பேச்சிமுத்து மூச்சிரைக்க ஓடிவந்தார். "தங்கச்சி, அந்த முருங்கைக்காய மட்டும் குடுத்துட்டுப் போம்மா. முட்டு நெசமாவே லேசா இருக்கு!"

தமிழ்வாணி காயைப் பைக்குள் திணித்தார்.

"இது சாம்பாருக்குண்ணே. கண்ணக் கட்டுனது அவன், அத அவுத்தாச்சு. மூளையக் கட்டுனது நீங்க. அத நீங்களேதான் அவுக்கணும்."