அகாக்போவின் தொந்தியும் இன்னபிற எழுத்துகளும்

சென்யோவி,

ஊருக்கெல்லாம் நீ எஃபோ சென்யோ, எல்லோருக்கும் அண்ணன். எனக்கு மட்டும் சென்யோவி. ஆகவே மரியாதைக் குறைவைப் பொறுத்துக்கொண்டு இந்தக் கடிதத்தை வாங்கிக்கொள்ளவும். நான் நலம். சோளமாவை அவித்து விற்கிற என் கெங்கே வியாபாரம் நலம், நெத்திலிதான் விலை ஏறிவிட்டது. நீ அங்கே குளிர்ச்சியாக இருப்பதாகப் பிணவறைக்காரர் சொன்னார். இங்கே ஹோ நகரம் முழுக்கக் கரண்டு போவதும் வருவதுமாக இருக்கிறது, நம் வீட்டு ஃபேன் சும்மா தொங்குகிறது. அவர்களிடம் தனி ஜெனரேட்டர் இருக்கிறதாம், ஆகையால் நம் இரண்டு பேரில் சுகமாக இருப்பது நீதான். சனிக்கிழமை அடக்கத்துக்கு உன்னை உடுத்தி விடுகிற பெண்கள், இந்தக் காகிதத்தைக் கோட்டின் உள்பையில் வைப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்து கோணல்மாணலாக இருக்கும். எழுத்தைப் பற்றி உனக்கே நான் எழுத வேண்டி வந்திருக்கிறது பார்.

விஷயம் உன் சாவு போஸ்டர். இந்த ஊரில் கண்ணை மூடிய அத்தனை பேருக்கும் நீதான் போஸ்டர் அடித்தாய், உன்னுடையதை அடிக்க நீ இல்லை. உன் அண்ணன் கோட்ஸோ டெமாவிலிருந்து வந்து இறங்கினார், பெட்டியைக் கீழே வைக்கும் முன்பே இழவுக் குழுவுக்குத் தலைவர் ஆனார், ஆனவுடன் உன் கடை பூட்டிக் கிடக்கிறதென்று எதிர்க்கடையில் ஆர்டர் கொடுத்துவிட்டார். வந்த போஸ்டரைப் பார்த்திருந்தால் நீயே எழுந்து வந்திருப்பாய். சோப்பு உறையில் இருப்பதுபோல் கொழுத்த எழுத்து, ஒவ்வொன்றுக்கும் பின்னால் நிழல், அடாயி என்ற உன் குடும்பப் பெயரின் நடுவில் ஒரு காலிப் பெட்டி. இங்கிலீஷ் எழுத்தோடு நம் ஏவே மொழி சேர்த்துக்கொண்ட வால் வைத்த எழுத்து அவர்களிடம் இல்லையாம், இல்லாத எழுத்துக்குக் கம்ப்யூட்டர் பெட்டி போடுமாம். அந்தப் பெட்டியைத் தொலைக்கத்தானே நீ இத்தனை வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டாய். பழைய பைபிளில் வருகிற மாதிரி, அடியில் பாதம் வைத்த எழுத்துவகை ஒன்றை எடுத்தாய். யாரும் திருத்திக்கொள்ளலாம் என்று அதைச் செய்தவர்களே சொல்லிவிட்ட எழுத்து அது. அதில் நம் எழுத்துகளை மட்டும் சேர்க்கிறேன் என்று உட்கார்ந்தவன், பொத்தான் தைக்கப் போய்ச் சட்டையையே மாற்றித் தைத்தவன்போல, ஒவ்வோர் எழுத்தாகப் பிரித்துப் புதிதாகச் செய்ய ஆரம்பித்துவிட்டாய். சாயங்காலம் நான் அடுப்படி வேலை முடித்து வந்து, வெந்நீர்ச் சட்டியில் காலை விட்டுக்கொண்டு சந்தைக் கதை முழுக்கச் சொல்லுவேன், நீ எதிரில் பென்சிலோடு உட்கார்ந்து தரையைப் பார்த்து "ம்" என்பாய். "அப்படியே இரு, அசையாதே" என்பாய். ஏதோ ஆசையாகச் சொல்கிறாயாக்கும் என்று நானும் அசையாமல் இருப்பேன், பார்த்தால் நீ ஏதோ ஓர் எழுத்தை அழித்துக்கொண்டிருப்பாய். ஒரு நாளாவது நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாயா?

சரி, அதை விடு. சவப்பெட்டி என்ன மரம், பந்தல் என்ன நிறம், யார் எந்தத் துணி உடுத்துவது, எதிலும் நான் வாயைத் திறக்கவில்லை. உன் போஸ்டர் உன் எழுத்தில் வர வேண்டும், அது ஒன்றைத்தான் கேட்டேன்.

"எழுத்துல என்ன இருக்கு அஃபி? செத்தவனா படிக்கப்போறான்?" என்றார் உன் அண்ணன்.

"அவரு படிக்க மாட்டாரு எஃபோ. ஊரு படிக்கும். ஊருக்கெல்லாம் பேரை ஒழுங்கா அடிச்சுக் கொடுத்தவன் பேருக்குள்ள ஜன்னல் வச்சிருக்காங்கன்னு சிரிக்கும்."

அவர் கொஞ்சம் யோசித்து, "சரி, காட்டு. குழு பாக்கட்டும். புடிச்சா அடிப்போம்" என்றார்.

உன் கடையில் கம்ப்யூட்டர் தட்டுகிற யாய்ரா, பிள்ளைத்தாய்ச்சி, வயிற்றை மேஜையில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, எல்லா எழுத்தையும் பெரிது பெரிதாக அச்செடுத்துச் சுவரில் ஒட்டினாள். அங்கேதான் சனியன் பிடித்தது. நீ ஒவ்வோர் எழுத்தையும் தெருவில் ஒருவரைப் பார்த்து வரைந்தாய், வரைந்ததோடு நில்லாமல் அவரவரிடம் போய் "இது நீதான்" என்று சொல்லியும் வைத்திருக்கிறாய். சேதி பரவியதும் குழு வருவதற்குள் தெருவே வந்துவிட்டது. சபையில் ஆர்கன் வாசிக்கிற அகாக்போதான் முதலில் வந்தார். நிமிர்ந்த முதுகும் முன்னால் தொந்தியுமாக ஒற்றைக்காலில் நிற்கிற பி அவர். அவர் மனைவி அதையும் அவரையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "தொந்தி கம்மியா இருக்கே" என்றாள். "இது போன வருசத் தொந்திடி" என்றார் அவர். டெய்லர் மாவுலி கே, மெஷின் மிதித்து மிதித்து ஒரு காலை வெளியே எறிந்தபடி. பூ விற்கிற ஜிஃபா ஜி, காதில் தொங்கட்டானோடு. எல்லோரும் தங்களைக் கண்டுபிடித்துத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் காகிதம் அழுக்கானது.

உன் அண்ணன் வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "அப்ப நான் யாரு?" என்றார்.

அகாக்போவுக்கு ஆர்கன் வாசிக்கும் நேரம் தவிர வேறு நேரத்தில் வாய் சும்மா இருக்காது. "நீங்க ஆர்" என்றார்.

எல்லோரும் சின்ன ஆரைப் பார்த்தோம். ஒற்றைக்காலில் நின்றுகொண்டு கையை முன்னால் நீட்டியிருந்தது. அதன் பக்கத்தில் எந்த எழுத்தை வைத்தாலும் ஒட்டாது என்று யாய்ரா வேறு, சமயம் தெரியாமல், விளக்கினாள். மாவுலி பல்லில் கடித்திருந்த குண்டூசியோடு சிரித்தான், விழுங்கிவிடுவானோ என்று பயந்தேன்.

"என் கூடப் பொறந்தவன் என்னைக் கை நீட்டுறவன்னு வரைஞ்சு வச்சிருக்கானா?" உன் அண்ணன் தொப்பியைக் கழற்றிவிட்டார். "இந்த எழுத்துல போஸ்டர் வராது. எதிர்க்கடைக்குப் போங்க."

"எஃபோ, அது கை நீட்டிக் கேக்கறது இல்ல" என்றேன். "கை நீட்டிக் கொடுக்கறது."

அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "ஆமா. சின்ன வயசுலேர்ந்தே நான் அப்படித்தான்" என்றார். அகாக்போ கூரையைப் பார்த்தார். நீ வரைந்துவிட்டுத் தப்பித்துக்கொண்டாய், பொய் சொல்லி உத்தரிக்க வேண்டியது நான்.

இப்படிச் சம்மதம் கிடைத்தது. கிடைத்ததும் உன் அண்ணன், ஆர் ஓரிடத்தில்தான் வருகிறது, கொடுக்கிற கை இன்னும் நாலு இடத்தில் தெரிந்தால் நல்லது என்று, தன் பெயருக்கு முன்னால் ஆர் வருகிற பட்டங்களாகத் தேடிச் சேர்த்தார். அதைப் பார்த்து மாவுலி, "என் கே மூலையில பூச்சி மாதிரி கெடக்கு டாவி, நடுவுல ஒன்னு போடச் சொல்லுங்க" என்று வந்து நின்றான். டாவி என்று அக்கா முறை சொல்லிக் கேட்பவனிடம் எப்படி மறுப்பது? ஜிஃபா தன் ஜி வருகிற வேத வசனம் ஒன்றைக் கொண்டுவந்தாள், பாதிரியாரிடம் கேட்டே எடுத்ததாம். வரி கூடக் கூட உன் படம் சின்னதாகிக்கொண்டே வந்தது. முதலில் கெண்டே துணி உடுத்தி இடுப்புவரை கம்பீரமாக இருந்தாய், பிறகு நெஞ்சுவரை, பிறகு பாஸ்போர்ட் அளவு. "டாவி, இன்னும் ஒருத்தர் வந்தா எஃபோ சென்யோவோட மீசை மட்டும்தான் மிஞ்சும்" என்றாள் யாய்ரா. நான் கடைக்கதவைச் சாத்தினேன்.

போஸ்டரை வேன் நிலையத்துச் சுவரில் ஒட்டினோம். சென்யோவி, ஒருவராவது அழுதிருந்தால் சொல்லுகிறேன். ஆளுக்கொரு பக்கம் விரலை வைத்துத் தங்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பாண்டோ போகிற வேன் நாலு தரம் ஹாரன் அடித்தும் யாரும் ஏறவில்லை, டிரைவரே இறங்கி வந்து அவனும் தேட ஆரம்பித்தான், அவனுக்கு நீ எழுத்து கொடுத்திருந்தாயா என்ன? கறிக்கோழியோடு வந்த வெளியூர்க்காரி ஒருத்தி "இது என்ன, தேர்தல் முடிவா?" என்று கேட்டாள். "இல்லம்மா, சாவு" என்றேன். "யாரு செத்தது?" என்றாள். ஒருவரும் திரும்பவில்லை. நான்தான் உன் மீசையைக் காட்டினேன்.

கூட்டம் கலைந்தபின் நானும் போய் நின்றேன். பெயரில் பெட்டி இல்லை. அடாயி என்று முழுசாக இருந்தாய். அதற்குக் கீழே விதவை அஃபி என்று இருந்தது. அதில் எது நான் என்று பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. அகாக்போவைக் கேட்டால் "நீ ஓ, எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி" என்கிறார். ஜிஃபா "எம்தான்டி நீ, பானையைக் கட்டிப் புடிச்ச மாதிரி" என்கிறாள். நீ சொன்னதாக ஒருவரும் சொல்லவில்லை. யாய்ராவும் தெரியாது என்கிறாள். ஆர்கன்காரருக்கு ஓர் எழுத்து, பூக்காரிக்கு ஓர் எழுத்து, கடை வாசலில் படுக்கிற ஆட்டுக்குக்கூட அதன் தாடியைப் பார்த்து ஒரு காற்புள்ளி. உன்னோடு ஒரே தட்டில் கை நனைத்தவளுக்கு ஒரு புள்ளி கிடையாது. கோபமில்லை. தெரிந்துகொள்ளலாம் என்று பார்த்தேன், அவ்வளவுதான்.

ஆகவே ஒரு முடிவு எடுத்துவிட்டேன், உனக்குச் சொல்லிவிடுகிறேன். புதுப் பாட்டுப் புத்தகம் உன் எழுத்தில் வரட்டும் என்று சபைப் பெரியவர்கள் கேட்கிறார்கள். ஒரே ஒரு குறை சொல்கிறார்கள். பழைய எழுத்துக்குப் பாதம் மெல்லிசாக, ஷூ போட்டதுபோல இருந்ததாம், நீ அதை அகலமாகத் தட்டையாக ஆக்கிவிட்டாயாம், போதாததற்கு ஒவ்வொரு பாதத்திலும் வலது ஓரத்தில் ஒரு புடைப்பு. "எழுத்தெல்லாம் செருப்பில்லாமக் கோயிலுக்கு வந்த மாதிரி இருக்கு" என்றார் உன் அண்ணன். புடைப்பு உன் கைப்பிசகு என்று முடிவு செய்து, பாதங்களை எல்லாம் பழையபடியே செதுக்கிவிடலாமா என்று என்னைக் கேட்டார்கள். "செதுக்கிக்கோங்க, எனக்கென்ன, நான்தான் அதுல இல்லையே" என்று சொல்லிவிட்டேன். யாய்ரா நாளைக்கு ஆரம்பிக்கிறாள்.

அங்கே உன் அம்மாவைப் பார்த்தால் என் வணக்கத்தைச் சொல்லு, பெரிய பானையை நானே கழுவுகிறேன் என்றும் சொல்லு. போகிற வழியில் உனக்கு நிழலும் தண்ணீரும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு, எழுத்தில்லாத உன் மனைவி,
அஃபி.

பின்குறிப்பு: மேலே எழுதிய கோபத்தை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள், வேறு காகிதம் இல்லாததால் கிழிக்கவில்லை. இன்று காலையில் யாய்ரா, பெரியவர்களிடம் எங்கெங்கே செதுக்குவது என்று காட்ட, அச்செடுத்த தாள்களைக் கடைத் தரையில் பரப்பி வைத்திருந்தாள். நான் பானை கழுவிய ஈரக்காலோடு சாவி கொடுக்கப் போனேன். "டாவி, மிதிக்காதீங்க" என்று அவள் சொல்வதற்குள் மிதித்துவிட்டேன். உன் அண்ணனின் ஆர் பக்கத்தில் என் வலது கால் பதிந்துவிட்டது. அவள் திட்டுவாள் என்று நின்றேன், திட்டவில்லை. "டாவி, காலை எடுங்க" என்றாள். பிறகு, "திரும்ப வைங்க" என்றாள். ஆரின் பாதத்துக்கும் என் பாதத்துக்கும் அதே அகலம், அதே தட்டை. வலது ஓரத்தில் புடைப்பு, கல்யாணமான புதிதில் கெங்கேப் பானை விழுந்து சுண்டுவிரல் உடைந்ததே, நீ முதுகில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாயே, அந்த இடத்தில். அகாக்போவின் பி அடியில் பார்த்தோம், அதுவே இருந்தது. மாவுலியின் இரண்டு காலிலும் அதுவே. ஜிஃபாவின் எழுத்துக்கு மட்டும் கால் கிடையாதாம், அவள் தொங்கட்டானோடு தொங்கட்டும். ஒரு மயிரிழைகூடச் செதுக்கக் கூடாது என்று யாய்ராவிடம் சொல்லிவிட்டேன். சபை இந்தக் காலில் நின்று பாடுவதானால் பாடட்டும். உன் அண்ணன் வாசலில் நின்று கத்திக்கொண்டிருக்கிறார், கையை நீட்டி நீட்டி. கத்தட்டும். நான் வெந்நீர்ச் சட்டியில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், எதிர் ஸ்டூல் காலியாக இருக்கிறது. ஒன்றே ஒன்று சொல்லு, சென்யோவி. இந்தத் தெருவையே என் காலிலா நிற்க வைத்துவிட்டுப் போனாய்?