பகாசுரரும் எட்டாயிரத்து ஐம்பத்து மூன்றும்

மயிலாப்பூரில் எண்களை வைத்து ஏமாற்ற முடியாத மனிதர் ஒரே ஒருவர்தான். அவரை நான் ஏமாற்றினேன். கணக்கில் அல்ல, அது யாராலும் ஆகாது. முந்தின நாள் தன் கண்ணால் பார்த்ததைப் பார்க்கவே இல்லை என்று அவரையே நம்பவைத்தேன். ஆயுள் முழுக்கக் கல்லூரியில் வரலாறு நடத்தியவன் நான். நடந்ததை நடக்காததாக்க எனக்கு ஒரு தம்ளர் அருகம்புல் சாறு குடிக்கிற நேரம் போதுமானதாக இருந்தது.

பூங்காவில் காலை நடை போகிற எங்கள் கூட்டம் அவருக்கு வைத்த பெயர் பகாசுரர். புதிதாகச் சேர்கிறவர்கள் பெருந்தீனிக்காரர் போலிருக்கிறது என்று பயந்து, டிபனுக்குப் போகும்போது அவர் பக்கத்தில் உட்காரத் தயங்குவார்கள். ஆளோ குடைக்கம்பி. அவர் விழுங்கியதெல்லாம் பகா எண்களைத்தான். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதனாலும் மீதியில்லாமல் வகுபடாத எண் பகா எண் என்று நாம் எல்லாரும் பள்ளியில் படித்தோம், பரீட்சை முடிந்த அன்றே மறந்தோம். அவர் மறக்கவில்லை. கணக்கு வாத்தியாராக இருந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். மருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாக ஊர் ஊராகச் சுற்றி ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு மாட வீதிக்குப் பின்னால் ஒரு வீட்டில் தனியாக இருந்தார். நாலு இட்லி வைத்தால் ஒன்றைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

ஆட்டோ விஷயத்தில் அவர் செய்த அட்டகாசம் தனி. செயலியில் வண்டி கூப்பிடுவார். திரையில் வண்டியின் எண் வந்ததும் கண்ணை மூடி உதட்டை அசைப்பார். வண்டி வந்து வாசலில் நிற்கும்போது, வேண்டாம் என்று சொல்லிவிடுவார்.

"இன்னா பெர்சு, வண்டி வந்தப்பறம் கேன்சல் பண்றே? என் நம்பர் ராசியில்லியா?" என்று ஒரு ஓட்டுநர் சண்டைக்கே வந்துவிட்டார்.

"ராசி பாக்கற ஆள் நானில்லேப்பா. நாலாயிரத்து எழுநூத்து ஒன்பது பதினேழால வகுபடறது."

"வகுந்தா வகுந்துட்டுப் போவுது! நீ குந்துறது சீட்டு மேல தானே, நம்பர் மேலயா குந்தப் போறே?"

இப்படி வாங்கிக்கட்டிக்கொண்டும் அவர் திருந்தவில்லை. இரத்த அழுத்தம் பார்த்த டாக்டர், நூற்று முப்பத்தொன்பதுக்கு எண்பத்தொன்பது என்று கவலையோடு சொன்னாராம். "ரெண்டுமே பகா எண். இதைப் போய்க் குறைக்கச் சொல்றேளே!" என்று மாத்திரைச் சீட்டை மேஜையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார். அந்த டாக்டர் அன்று தன்னுடைய இரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டதாகக் கேள்வி.

ஒரு எண் பகா எண்ணா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கேட்காதவர்களுக்கும் சொல்லித்தருவார். கடைசி இலக்கம் இரட்டைப்படையா, ஐந்தா, பூஜ்யமா, அப்படியே தள்ளு. இலக்கங்களைக் கூட்டு, மூன்றால் வகுபட்டால் எண்ணும் வகுபடும், தள்ளு. அதற்குப் பிறகு ஏழு, பதினொன்று, பதின்மூன்று என்று பகா எண்களால் மட்டும் வரிசையாக வகுத்துப் பார்.

"எதுவரைக்கும் வகுக்கிறது? விடிஞ்சுடுமே" என்றேன் ஒருநாள்.

"வர்க்கமூலம் வரைக்கும்தான் ஓய். எந்த எண்ணை அதே எண்ணால பெருக்கினா நம்ம எண் வரதோ, அதுவரைக்கும். நூத்துச் சொச்சம்னா பத்தோட நிறுத்திடலாம்."

"அதுக்கு மேல ஏதாவது வகுத்துட்டா?"

"வகுக்கிற எண்ணெல்லாம் கல்யாண வீட்டுக்கு வர மாதிரி தம்பதி சமேதராத்தான் வரும். ரெண்டு பேரையும் பெருக்கினா நம்ம எண் வரணுமோல்லியோ? ஒருத்தர் பெரியவரா இருந்தா இன்னொருத்தர் சின்னவராத்தான் இருந்தாகணும். சின்னவா யாரும் வரலேன்னு தெரிஞ்சுட்டா, பெரியவாளுக்கு இலை போடவே வேண்டாம்."

எந்த வாத்தியாரும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. ஆனாலும் அவர் மேல் எனக்கு ஒரு கடுப்பு உண்டாயிற்று. காரணம் என் சதாபிஷேகம். எண்பது வயது முடிந்ததை என் பிள்ளைகள் தியாகராய நகரில் மண்டபம் பிடித்துப் பெரிதாகக் கொண்டாடினார்கள். வாழ்த்திப் பேச அவரை அழைத்து ஒலிபெருக்கியைக் கொடுத்தது என் தவறு.

"எண்பதுக்கெல்லாமா விழா?" என்று ஆரம்பித்தார். "ரெண்டால வகு, நாப்பது. மறுபடி வகு, இருபது. தொட்ட இடமெல்லாம் உதிரும். எழுபத்தொன்பதுல கொண்டாடியிருக்கணும். விட்டாச்சு. இன்னும் கொஞ்சம் பொறுத்து எண்பத்து மூணுல பண்ணியிருக்கலாம். புரொபசருக்கு என்ன அவசரமோ தெரியலை."

மண்டபமே சிரித்தது. என் சம்பந்தி மட்டும் கண் கலங்கினார். அதுவும் சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர்தான்.

அதற்குப் பழிவாங்கச் சந்தர்ப்பம் பார்த்திருந்தேன். ஒருநாள் காலை நானும் அவரும் ஜவுளி அண்ணாச்சியும் நடை முடிந்து சாலைக்கு வந்தோம். அண்ணாச்சி தியாகராய நகர் ஜவுளிக்கடையை மகன்களிடம் விட்டுவிட்டுக் காலாற நடக்க வந்த திருநெல்வேலிக்காரர். மெட்ரோ வேலைக்காகப் பாதிச் சாலையைத் தகரம் வைத்து அடைத்திருந்ததால் வண்டிகள் அசையாமல் நின்றன. அப்படி நின்ற ஓர் ஆட்டோவின் எண் எட்டாயிரத்து ஐம்பத்து மூன்று. பகாசுரர் அதன் முன்னாலேயே நின்று உதட்டை அசைத்தார். போக்குவரத்து விட்டது. பின்னால் ஒலிப்பான்கள் அலறின. அவர் நகரவில்லை. கடைசியில், "பகா எண்! யாராலயும் உன்னைப் பிரிக்க முடியாதுடா அப்பா!" என்று ஓட்டுநருக்கு ஆசி வழங்கிவிட்டுத்தான் ஒதுங்கினார்.

அன்று வீட்டுக்குப் போனதும் அந்த ஆட்டோ எண்ணுக்கு அக்கம்பக்கத்து எண்கள் வகுபடுமா என்று கைப்பேசியில் பார்த்தேன். எட்டாயிரத்து ஐம்பத்தொன்று வகுபடுகிறது. எண்பத்து மூன்றைத் தொண்ணூற்றேழால் பெருக்கினால் அது. போதாதா? அண்ணாச்சியைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டேன்.

மறுநாள் சாறு விற்கிற இடத்தில் மெல்ல ஆரம்பித்தேன். "நேத்து அந்த ஆட்டோ எட்டாயிரத்து ஐம்பத்தொண்ணு தானே? அதைப் போய்ப் பகா எண்ணுன்னுட்டீங்களே."

"அம்பத்து மூணு ஓய்."

"ஐம்பத்தொண்ணு. அண்ணாச்சியைக் கேளுங்க."

"ஒண்ணுதான் சார்வாள். நான் நல்லாப் பாத்தேம்லா" என்றார் அண்ணாச்சி, முகத்தில் சிரிப்பின் சுவடே இல்லாமல்.

பகாசுரர் கண்ணை மூடினார். வெகுநேரம் உதடு அசைந்தது. "எண்பத்து மூணு... தொண்ணூத்தேழு. ஆமா, வகுபடறது" என்றார். கணக்கை அவர் சரிபார்த்துவிட்டார். நேற்றைச் சரிபார்க்க அவரிடம் எங்கள் இரண்டு பேரைத் தவிர வேறு வழியில்லை.

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. "அப்போ ஒண்ணை மூணுன்னு படிச்சிருக்கேன். இல்லேன்னா சரியாப் படிச்சுட்டுக் கணக்குல கோட்டை விட்டிருக்கேன். எதுன்னு எனக்கே தெரியலையே" என்று சாற்றைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

"கொஞ்சம் ஓவராப் போயிட்டமோ?" என்றார் அண்ணாச்சி.

"நாளைக்குச் சொல்லிடலாம்" என்றேன்.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. கோபித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். பிறகு மனம் கேட்காமல் அவர் வீட்டுக்குப் போனால், வாசலில் சாமான் ஏற்றுகிற லாரி நிற்கிறது. பீரோ தெருவுக்கு வந்துவிட்டது. புனேயில் இருக்கும் அவர் பெண் முன்கூடத்தில் பாத்திரங்களுக்குத் தாள் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது?"

"அப்பா என்னோட வந்துடறார் மாமா. பெரியப்பாவுக்கு ஞாபகம் போனப்போ முதல்ல வாய்ப்பாடுதான் போச்சு. கடைசில அப்பாவையே யாருன்னு கேட்டார். அன்னிலேர்ந்து அப்பா தன்னைத் தானே பரீட்சை பண்ணிண்டிருந்தார், இந்தப் பகா எண்ணை வச்சு. என்கிட்ட ஒரு வாக்கும் குடுத்திருந்தார். ஒரு எண் தப்பினாலும் தனியா இருக்க மாட்டேன், உன்கிட்ட வந்துடறேன்னு. ராத்திரி போன் பண்ணி, 'தப்பிடுத்தும்மா, வந்து அழைச்சுண்டு போ'ன்னு அழறார்."

ஆட்டோவுக்கு முன்னால் நின்றுகொண்டு இந்த மனிதர் செய்ததெல்லாம் கோமாளித்தனம் என்றல்லவா நினைத்திருந்தேன்! எங்கள் எல்லோருடைய கண்முன்னாலும் தினம் பரீட்சை எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். வினாத்தாளை மாற்றிவைத்து ஆளைத் தோற்கடித்தவன் நான்.

உள்ளே ஓடினேன். காலி அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "சார், நான் சொன்னது பொய். அது ஐம்பத்து மூணுதான். விளையாட்டுக்குச் சொன்னோம்" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்ல மனசு ஓய் உமக்கு. என்னைத் தேத்தறதுக்காகப் பொய் சொல்றீர்."

சொன்ன பொய்யை நம்பினார். சொல்கிற உண்மையை நம்பவில்லை. வாழ்க்கையில் இப்படி ஓர் அடி நான் வாங்கியதில்லை.

அண்ணாச்சியை வரவழைத்தேன். இருவரும் அவருடைய ஸ்கூட்டரில் ஒவ்வோர் ஆட்டோ நிறுத்தமாக அலைந்தோம். இரண்டு கிழவர்கள் வண்டிகளின் பின்பக்கத்தைக் குனிந்து குனிந்து பார்ப்பதைக் கண்டு, "இன்னா நைனா, வண்டி திருடு போச்சா?" என்று விசாரித்தார்கள். கடைசியில் அடையாறில் ஒரு பஞ்சர் கடை வாசலில் எட்டாயிரத்து ஐம்பத்து மூன்று நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டார்.

வண்டியோடு ஓட்டுநரையும் கூட்டிவந்தோம். பகாசுரர் வாசலுக்கு வந்து எண்ணைப் பார்த்தார். "இப்படி ஒரு வண்டி இருக்கலாம் ஓய். அம்பத்தொண்ணும் எங்கேயாவது இருக்குமே. அன்னிக்கு நான் பாத்தது இதுதான்னு எப்படிச் சொல்றது?"

அதற்குள் ஓட்டுநர் அவரை உற்றுப் பார்த்தார். "ஐய, நீயா பெர்சு! தகரம் அடிச்ச ரோட்டாண்ட என் வண்டிய மறிச்சிகினு நின்னியே? யாராலயும் உன்னப் பிரிக்க முடியாதுன்னியே? வூட்ல சொன்னேன், அவ சிரிச்சிகினே கீறா."

பகாசுரர் இறங்கி வந்து, எண்பலகையில் இருந்த மூன்றின் மேல் விரலை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. பிறகு பெண்ணைப் பார்த்து, "பீரோவை உள்ள கொண்டுபோகச் சொல்லும்மா" என்றார். என்னைப் பார்த்து, "நீர் சரித்திரம் படிச்சவர் ஓய்" என்றார். திட்டியிருக்கலாம்.

பூங்காவுக்குத் திரும்பவும் வர ஆரம்பித்தார். அண்ணாச்சியிடம் பேசினார், என்னிடம் பேசவில்லை. ஆனால் தினமும் காலையில் என் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. ஏதாவது ஒரு வண்டியின் எண்பலகை. அவர் பார்த்ததற்கு இனி சாட்சி வேண்டும், அதற்காக. நான் உட்கார்ந்து கையாலேயே வகுத்துப் பார்த்துப் பதில் அனுப்புவேன். சரியாக இருந்தால் மௌனம். தப்பாக இருந்தால் வகுக்கிற எண் மட்டும் வரும், தலையில் குட்டுகிற மாதிரி.

போன மழைக்காலத்தில் ஒருநாள் படம் வரவில்லை. காத்திருந்து பார்த்தேன். குடையை எடுத்துக்கொண்டு, கணுக்கால் தண்ணீரில் நடந்து போய்க் கதவைத் தட்டினேன்.

"என்ன ஓய்?"

"படம் வரலை."

"இந்த மழைல எந்த வண்டி வரும்? நனைஞ்சுட்டீரே, இரும், துண்டு தரேன்."

பேசிவிட்டார். அந்தச் சந்தோஷத்தில், வழியில் பார்த்த எண்ணைச் சொன்னேன். "இரண்டாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொண்ணு." நடந்துகொண்டே அதை வகுத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

துண்டைத் தேடிக்கொண்டே உதட்டை அசைத்தார். "பகா எண்" என்றார்.

அது நாற்பத்தேழால் வகுபடும். வர்க்கமூலத்துக்கு முன்னால் நிற்கிற கடைசிப் பகா எண் அது. ஒரு படி முன்னால் நிறுத்திவிட்டிருக்கிறார். தப்பு என்றால் மறுபடி லாரி வரும். சரி என்றால் மறுபடி பொய்.

"இன்னொரு தடவை பாருங்களேன்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். துண்டை என் தலையில் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, ஏழிலிருந்து ஆரம்பித்தார். எனக்கு ஓர் அவசரமும் இல்லை. தலையைத் துவட்டாமல், அந்த உதடுகளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.